பம்ப் நின்ற பிறகும் மீட்டர் ஓட்டம் காட்டினால்

கேள்வி: தண்ணீர் போகும் பிவிசி குழாயில் புதிதாக மின்காந்த ஃப்ளோ மீட்டர் மாட்டியிருக்கிறோம். தொட்டியில் நீர் விழும் திறந்த முனைக்குச் சற்று முன்னால், கிடைமட்டக் குழாயில் இருக்கிறது. சென்சார் தரும் சிக்னலை ஓட்ட அளவாக மாற்றிக் காட்டும் டிரான்ஸ்மிட்டர் தனியே சுவரில். பம்ப்பை நிறுத்தினாலும் ஓட்டம் காட்டுகிறது; ஓடும்போது அளவு ஆடுகிறது. டிரான்ஸ்மிட்டரை மாற்ற வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம். நீங்கள் சொல்லும் இடத்தை வைத்துப் பார்த்தால், பம்ப் நின்றதும் குழாய் வடிந்துவிடும் என்றே தோன்றுகிறது. காந்தப்புலத்தைக் கடந்து நீர் ஓடும்போது எழும் மின்னழுத்தத்தைத்தான், மீட்டருக்குள் நீரைத் தொட்டிருக்கும் எலெக்ட்ரோடுகள் எடுத்துக் கொடுக்கின்றன. அது ஒரு சில மில்லிவோல்ட்தான். எலெக்ட்ரோடு காய்ந்துவிட்டால் சிக்னல் கேபிள் ஏரியல் மாதிரி சுற்றியிருக்கும் மின் இரைச்சலை வாங்கும். மீட்டர் அதையும் ஓட்டம் என்றே படிக்கும். பம்ப் ஓடும்போது குழாய் அரைகுறையாக நிரம்பினாலும் சிக்கல்தான். மீட்டர் அளப்பது வேகத்தை. குழாய் முழுக்க நீர் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதால், உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

நீர் கீழிருந்து மேலே ஏறும் செங்குத்துக் குழாய் இருந்தால், மீட்டருக்கு அதுதான் சிறந்த இடம். இல்லையென்றால் வெளியேறும் முனையை மேல்நோக்கி வளைத்து, அது மீட்டரைவிட உயரமாக இருக்கும்படி செய்யுங்கள். பம்ப் பக்கத்து செக் வால்வு (நீரை ஒரே திசையில் மட்டும் விடுவது) சரியாகப் பிடிக்கிறதா என்றும் பாருங்கள். அது கசிந்தால் நீர் பின்னால் இறங்கிவிடும். கிடைமட்டக் குழாயில் எலெக்ட்ரோடுகள் இரண்டு பக்கவாட்டிலும் இருக்க வேண்டும். மேலே இருந்தால் காற்றுக் குமிழி மூடும், கீழே இருந்தால் வண்டல். மீட்டருக்கு முன்னால் குழாய் விட்டத்தைப்போல 5 மடங்கும், பின்னால் 2 அல்லது 3 மடங்கும் நேர்க்குழாய் பொதுவாகப் போதும். கட்டுப்பாட்டு வால்வை மீட்டருக்குப் பின்னால் வையுங்கள்.

அடுத்த சந்தேகம் எர்த்திங். இரும்புக் குழாயில் நீருக்கும் மீட்டர் உடலுக்கும் குழாய் வழியாகவே மின்தொடர்பு கிடைத்துவிடும். பிவிசியில் அது கிடையாது. மீட்டர் உடலை மட்டும் எர்த் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். மீட்டரின் இரு பக்கமும் நீரைத் தொடும்படி எர்த்திங் ரிங் போட்டு, அவற்றைச் சென்சாரின் எர்த் முனையோடு சேருங்கள். கேஸ்கெட் குழாய்க்குள் துருத்தக் கூடாது.

கேபிளுக்கு வருவோம். உற்பத்தியாளர் சொன்ன, ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) உள்ள கேபிளையே, நடுவில் ஒட்டுப் போடாமல் இழுங்கள். மோட்டார் கேபிளோடு, அதிலும் வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) கேபிளோடு, ஒரே டிரேயில் போடாதீர்கள். குறுக்கே கடந்தே ஆகவேண்டுமென்றால் செங்கோணத்தில் கடக்கட்டும். ஷீல்டை ஒரு முனையில் சேர்ப்பதா, இரண்டிலுமா என்பது மீட்டருக்கு மீட்டர் மாறும். கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள்.

இதெல்லாம் சரியான பிறகுதான் ஜீரோ அமைப்பு, அதாவது ஓட்டம் இல்லாதபோது மீட்டர் பூஜ்யம் காட்டும்படி சரிசெய்வது. குழாய் நிரம்பி, நீர் அசையாமல் நிற்கும்போது மட்டும் செய்யுங்கள். குறைந்த ஓட்டத்தை வெட்டும் 'கட்-ஆஃப்' அளவை ஏற்றிவிட்டு ஆட்டத்தை மறைப்பது எனக்குப் பிடிக்காத வழி. ஓடும்போது வரும் பிழை அப்படியே இருக்கும். அப்புறம் டிரான்ஸ்மிட்டரிலிருந்து 4, 12, 20 மில்லிஆம்பியர் அனுப்பிப் பாருங்கள். அதை வாங்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சி-யில் 0, 50, 100 சதவீதம் வராவிட்டால், இரண்டிலும் ரேஞ்சு (20 மில்லிஆம்பியருக்கு எவ்வளவு ஓட்டம் என்பது) ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.