பாட்டியின் புடவைகளைக் கைத்தையலால் சுவர்ப் போர்வையாக்குவது எப்படி?

கேள்வி: என் பாட்டி விட்டுச் சென்ற ஒன்பது புடவைகள் என்னிடம் இருக்கின்றன. ஐந்து நூல் புடவைகள், இரண்டு மதுரைச் சுங்குடி, இரண்டு காஞ்சிபுரம் பட்டு. பட்டு இரண்டும் மடிப்புகளில் கிழியத் தொடங்கிவிட்டன. இவற்றைச் சேர்த்து, சுவரில் தொங்கவிடும்படியான ஒரு குவில்ட்டை (துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைத்த போர்வையை) தையல் இயந்திரம் இல்லாமல் கையாலேயே தைக்க விரும்புகிறேன். பழைய துணி தையலைத் தாங்குமா, எங்கிருந்து தொடங்குவது, எவ்வளவு காலம் ஆகும் என்று விளக்குவீர்களா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தாங்கும். ஆனால் ஒன்பது புடவைகளும் ஒரே அளவுக்குத் தாங்கா. அவற்றுள் எது எவ்வளவு தாங்கும் என்பதைக் கண்டறிந்த பிறகே வடிவத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். காகிதத்தில் ஓர் ஓவியத்தை முதலில் வரைந்துகொண்டு, அதற்கேற்பப் புடவைகளை வெட்டத் தொடங்குவதால்தான் இந்த வேலையில் பெரும்பாலான சேதங்கள் நேர்கின்றன. அழகான முந்தானை என்பதற்காக நடுவில் வைத்த துண்டு, தைத்து முடித்த சில மாதங்களில் தன் எடையாலேயே கிழிந்து தொங்குவதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே கத்தரிக்கோலைச் சில வாரங்களுக்கு உள்ளே வைத்துவிடுங்கள்.

நீங்கள் செய்ய நினைப்பதற்கு நல்ல முன்னோடிகள் உண்டு. வங்காளத்துப் பெண்கள் நைந்துபோன வேட்டிகளையும் புடவைகளையும் பல அடுக்குகளாக விரித்து, புடவைக் கரைகளிலிருந்து உருவிய வண்ண நூலைக் கொண்டே ஓட்டுத் தையல் (ஊசியை மேலும் கீழுமாக நேரே ஓட்டும் எளிய தையல்) போட்டுக் 'காந்தா' என்னும் போர்வை செய்தார்கள். நம்முடைய 'கந்தை' என்ற சொல்லும் அந்தப் பெயரும் ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை. ஆங்கிலேயர் கால இந்தியக் குடிமைப் பணியில் (ஐ.சி.எஸ்.) அதிகாரியாக இருந்த குருசதய் தத் (1882–1941) வங்கக் கிராமங்களில் திரட்டிய காந்தாக்கள், கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் அவர் பெயரில் அமைந்த அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. கலை வரலாற்றாளர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் சேகரித்தவை அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் உள்ளன. முன்பே உடுத்தி நைந்த துணியில் செய்தவை இத்தனை காலம் நிலைத்திருப்பதற்கான காரணம் தையலின் நெருக்கத்தில் இருக்கிறது. நைந்த துணி தனியாக இருந்தால் இழுபடும் இடத்தில் கிழிந்துவிடும். அத்தகைய மூன்று நான்கு துணிகளை நெருக்கமான ஓட்டுத் தையல் ஒன்றாகப் பிணைக்கும்போது, இழுவிசை ஓரிடத்தில் குவியாமல் எல்லா இழைகளுக்கும் பரவிவிடுகிறது. உங்கள் நூல் புடவைகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறில்லை.

இனிச் சோதனைக்கு வருவோம். ஒவ்வொரு புடவையையும் பகல் வெளிச்சத்தில் சன்னலுக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். இழை விலகிய இடங்களும் பூச்சி அரித்த இடங்களும் வெளிச்சத்தில் தெரிந்துவிடும். பிறகு இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவே சிறிது துணியைப் பிடித்து, முதலில் பாவு நூலின் (நீளவாட்டு நூலின்) போக்கிலும் அடுத்து ஊடை நூலின் (குறுக்கு நூலின்) போக்கிலும் மிக மெல்ல இழுங்கள். இழை அறும் மெல்லிய ஓசை கேட்டாலோ விரலில் தூள் ஒட்டினாலோ, அந்தப் பகுதி ஊசியைத் தாங்காது. உடலும் கரையும் ஒரே புடவையில் வெவ்வேறு நிலையில் இருக்கும் என்பதால், குறைந்தது ஐந்தாறு இடங்களிலாவது சோதியுங்கள். இரும்பு சேர்த்து ஊட்டிய பழைய கருப்புச் சாயம் இருந்தால் கூடுதல் கவனம் தேவை; அந்தச் சாயம் ஏறிய இழைகள் மற்ற நிறத்து இழைகளுக்கு முன்பே மட்கிவிடும்.

சோதித்த பின் புடவைகளை மூன்றாகப் பிரியுங்கள்: உறுதியானவை அடித்தளத்துக்கு, நைந்தும் இழுவையைத் தாங்குபவை மேலடுக்குக்கு, தாங்காதவை தனிக் கவனிப்புக்கு. ஒரு புடவை எங்கும் கிழியாமல், நிறம் மங்காமல் முழுதாக இருக்குமானால் அதை வெட்டவே வேண்டாம் என்பது என் கருத்து. முழுப் புடவை முழுப் புடவையாகவே இருக்கட்டும். இந்த வேலைக்கு ஏற்கெனவே கிழிந்தவையே போதும்.

சாயச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. உங்கள் சுங்குடிகளின் சிவப்பும் நீலமும் அருகிலிருக்கும் வெள்ளைத் துணியில் இறங்கிவிட்டால் மாதக்கணக்கான உழைப்பு வீணாகும். வெளியில் தெரியாத ஓர் ஓரத்தில் இரண்டு சொட்டு நீர் விட்டு, வெள்ளைப் பருத்தித் துணியை அதன்மேல் வைத்து, ஐந்து நிமிடம் பாரம் ஏற்றிப் பாருங்கள். அதே சோதனையைச் சோப்புக் கரைசலாலும் செய்யுங்கள், ஏனெனில் நீருக்கு அசையாத சாயம் சோப்புக்கு இளகுவதுண்டு. சாயம் இறங்கும் புடவையை நனைக்காமலே பயன்படுத்தலாம். ஆனால் அதைச் சேர்த்த பிறகு முழுப் படைப்பையும் எப்போதும் துவைக்க முடியாது.

சாயம் நிற்கும் நூல் புடவைகளை அவசியம் அலச வேண்டும். பாட்டிமார் கஞ்சி போட்டு மடித்து வைத்த புடவைகளில் அந்தக் கஞ்சிதான் வெள்ளிமீன் பூச்சியை வரவழைக்கிறது. அது காய்ந்து விறைப்பதால் மடிப்பில் இழை ஒடியவும் செய்கிறது. அகலமான தொட்டியில் குளிர்ந்த நீர் நிரப்பி, கொசுவலைத் துணியின்மேல் புடவையைப் பரப்பி உள்ளே இறக்குங்கள். காரமில்லாத திரவச் சோப்பு சிறிதளவு போதும். பிழியக் கூடாது, தூக்கி உதறவும் கூடாது. நனைந்த பழம்பருத்தி தன் எடையைத் தானே தாங்காமல் கிழியக்கூடும். எடுக்கும்போது வலையோடு சேர்த்துத் தூக்கி, துண்டின்மேல் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். உங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்புக் கறை இருந்தால், கடைசி அலசலுக்கேனும் வடிகட்டிய குடிநீரைப் பயன்படுத்துங்கள்.

பட்டுப் புடவைகளை நனைக்க வேண்டாம். காஞ்சிபுரம் பட்டின் அசல் சரிகை, பட்டு இழையின்மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் பூசியது. கனமான கரையும் முந்தானையும் மடிப்பில் மெல்லிய உடற்பகுதியை இழுப்பதாலும், ஆண்டுக்கணக்கில் மடிப்பை மாற்றாமல் வைப்பதாலும்தான் மடிப்புக் கோடு முதலில் விட்டுப்போகிறது. கோர்வையாக, அதாவது கரையைத் தனி ஊடையால் நெய்து உடலோடு இணைத்த புடவையில், உடலும் கரையும் பின்னிச் சேரும் கோட்டைத் தனியாகச் சோதித்துப் பாருங்கள். அங்கே விட்டிருந்தால் கரையைப் பிரித்தெடுத்துத் தனித் துண்டாகப் பயன்படுத்துவதே நல்லது.

கிழிந்த பட்டுக்கு இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் பசைத் துணியைப் பலர் பரிந்துரைப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தப் பசை நாளடைவில் மஞ்சளாகிவிடும், பிறகு பட்டைச் சிதைக்காமல் அதைப் பிரிக்க இயலாது. மாறாக, பட்டுத் துண்டை அதே நிறச் சாயலுள்ள மல் துணியின்மேல் பரப்பி, கிழிசலின் இரு விளிம்புகளையும் இழுக்காமல் அருகருகே படியவைத்து, அதன்மேல் மிக மெல்லிய நெட் துணியை மூடுங்கள். தையலைக் கிழிசலின்மேல் போடாமல், சுற்றிலும் உறுதியான பட்டு உள்ள இடத்தில் மட்டும் போடுங்கள். அருங்காட்சியகங்களில் நொறுங்கும் பட்டைக் காப்பாற்றுவதும் ஏறத்தாழ இவ்வாறே. சற்றுத் தொலைவில் நின்று பார்க்கும்போது வலை கண்ணுக்குத் தெரியாது, கிழிசல் தெரியும். அது தெரியட்டும்.

நூல் விஷயத்தில் ஒரு விதியை மட்டும் மறக்காதீர்கள்: நூல் துணியைவிட வலுவாக இருக்கக் கூடாது. எப்போதாவது பலமாக இழுபட்டால் நூல் அற வேண்டும், துணி கிழியக் கூடாது. அறுந்த நூலை மறுபடி ஓட்டிவிடலாம். என் முதல் போர்வையை வலுவான பாலியெஸ்டர் நூலில் தைத்தேன். தையல் இன்றும் அப்படியே இருக்கிறது, அதன் இருபுறமும் பழைய பருத்தி அறுபட்டு வரிவரியாகத் துளைகள் விழுந்துவிட்டன. ஆறு இழை எம்பிராய்டரிப் பருத்தி நூலில் ஓர் இழையை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள், நூல் புடவைக்கு அதுவே போதும். எப்போதும் ஒரு முழம் நீளத்துக்குமேல் கோக்க வேண்டாம். நீண்ட நூல் துணிக்குள் திரும்பத் திரும்ப உரசித் தானும் தேயும், துணியையும் தேய்க்கும். ஊசி 9 அல்லது 10 எண் கொண்டதாக இருக்கட்டும். எண் கூடக் கூட ஊசி மெல்லியதாகும்.

வடிவத்துக்கு இப்போதுதான் வருகிறோம். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் 'கவந்தி' என்னும் ஒட்டுப் போர்வையை இதற்கு நல்ல ஆசிரியராகக் கருதுகிறேன். பழைய புடவையை அடித்தளமாக விரித்து, வெளி ஓரத்திலிருந்து துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, விளிம்பை மடித்துத் தைத்தபடியே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். அடுத்த துண்டு எது என்பதை முந்திய துண்டே சொல்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் ஊரைச் சேர்ந்த மிசூரி பெட்வே, 1942-இல் தம் மறைந்த கணவரின் வேலை உடைகளைப் பட்டைகளாக வெட்டித் தைத்த குவில்ட்டும் பார்க்கத் தக்கது; அது இப்போது வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. உடுத்தியவரின் தேய்மானத்தையும் கறையையும் அதில் அவர் மறைக்கவில்லை. உங்கள் பாட்டி இடுப்பில் செருகிச் செருகி வெளுத்த பகுதி, முந்தானையில் படிந்த மஞ்சள் கறை ஆகியவற்றை வெட்டி எறியாமல் அந்தக் கண்ணோடு பாருங்கள்.

அளவாக 90 செ.மீ. அகலமும் 120 செ.மீ. உயரமும் போதும். நெருக்கமான தையல் துணியைச் சற்றுச் சுருக்கும் என்பதால், எல்லாப் பக்கமும் 5 செ.மீ. கூடுதலாக விடுங்கள். அடித்தளத்துக்கு உறுதியான நூல் புடவையில் இரண்டு அடுக்கு, அதன்மேல் நீங்கள் அமைக்கும் துண்டுகள். இடையில் பஞ்சு வேண்டாம், அது எடையைக் கூட்டும். முடிந்தவரை எல்லாத் துண்டுகளின் பாவு நூலும் மேலிருந்து கீழாக நிற்கட்டும். மூலைவாட்டில் சாய்வாக வெட்டிய துண்டு தொங்கும்போது நீண்டு தொய்ந்துவிடும். தரையில் விரித்துச் சுருக்கம் நீவி, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி ஒரு சாண் இடைவெளியில் நீளமான தற்காலிகத் தையல்களை ஓட்டி அடுக்குகளை நிறுத்துங்கள். இதற்கு ஒரு முழுநாளை ஒதுக்கினாலும் தகும், ஏனெனில் இங்கே விழும் சுருக்கத்தைப் பின்னால் எந்தத் தையலாலும் சரிசெய்ய முடியாது.

தையல் மிக எளியது. 3 மி.மீ. அளவில் ஓட்டுத் தையல், வரிக்கு வரி அரை செ.மீ. இடைவெளி. ஊசியில் மூன்று நான்கு தையலை ஒன்றாக ஏற்றி இழுக்கலாம், ஆனால் நைந்த இடத்தில் ஒவ்வொன்றாகவே எடுங்கள். முடிச்சை அடுக்குகளுக்கு இடையே மறைத்துவிடுங்கள். வரிகள் நேர்கோடாக இருக்க வேண்டும் என்பதில்லை. சுங்குடிப் புள்ளி வட்டங்களைச் சுற்றிப் போகலாம், கரையின் கோட்டைத் தொடரலாம்.

காலக் கணக்கு இது: 120 செ.மீ. உயரத்துக்கு 240 வரிகள், ஒவ்வொன்றும் 90 செ.மீ.; ஆக 216 மீட்டர் தையல். ஒரு மீட்டருக்கு 20 நிமிடம் என்று வைத்தால் 72 மணி நேரம், அதாவது நாள்தோறும் ஒரு மணி நேரம் தைத்தால் ஏறத்தாழ இரண்டரை மாதம். துணிகளைச் சோதிக்கவும் அலசவும் அடுக்கவும் அதற்கு முன் ஒரு மாதம் வேண்டும். ஒரு மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து தைக்காதீர்கள். கை களைத்தால் தையல் இறுகும், இறுகினால் துணி இழுபடும்.

தொங்கவிட, பின்புறம் மேல்விளிம்பு முழுவதும் பருத்தித் துணியால் குழாய்போல் உறை தைத்து, அதற்குள் கம்பைச் செருகுங்கள். இரண்டு மூலைகளில் மட்டும் வளையம் வைத்தால் முழு எடையும் அந்த இரண்டு புள்ளிகளில் இறங்கிவிடும். கம்பு மரமானால் அலுமினியத் தாள் சுற்றிச் செருகுங்கள். மரத்திலிருந்து வெளிப்படும் அமிலம் துணியைப் பழுப்பாக்கும். வெயில் விழும் சுவரும் சமையலறைச் சுவரும் ஆகா. அருங்காட்சியகங்கள் துணிகளுக்குப் பொதுவாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குமேல் வெளிச்சத்தை அனுமதிப்பதில்லை; வீட்டில் அது கடினம் என்பதால், சில மாதம் தொங்கவிட்டுச் சில மாதம் உருளையில் சுற்றி ஓய்வு கொடுப்பது நல்லது. மடிக்க மட்டும் வேண்டாம்.

பின்புறத்தில் ஒரு பருத்தி நாடாவில், எந்தப் புடவை எப்போது யாரிடமிருந்து வந்தது என்று நூலாலேயே எழுதித் தைத்துவிடுங்கள். அந்த விவரம் தெரிந்த பெரியவர்களிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புடவையிலும் மிஞ்சும் உள்ளங்கையளவு துணியையும் கரையிலிருந்து உதிரும் நூலையும் ஓர் உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் எங்கேனும் விட்டுப்போனால், ஒட்டுப் போட அதே துணி கையில் இருக்க வேண்டும்.