'ஏஞ்சல் பீட்ஸ்': மறுவுலகப் பள்ளியைப் பற்றிய கேள்விகளும் பதில்களும்

ஜப்பானில் 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 3 முதல் ஜூன் 26 வரை ஒளிபரப்பான 'ஏஞ்சல் பீட்ஸ்' அனிமே தொடரைக் குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன். மொத்தம் 13 பகுதிகளே கொண்ட தொடர் என்பதால் முடிவைத் தொடாமல் பேச இயலாது. இன்னும் பார்க்காதவர்கள் முதல் இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொண்டு, பார்த்து முடித்தபின் எஞ்சியவற்றைப் படிப்பது நல்லது.

கேள்வி: இறந்தவர்கள் படிக்கும் பள்ளி என்கிறார்களே, கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

இளம் வயதிலேயே, பெரும்பாலும் நியாயமற்ற முறையில், வாழ்வு பறிக்கப்பட்ட பிள்ளைகள் இறந்தபின் விடுதியோடு கூடிய ஒரு பெரிய பள்ளியில் கண்விழிக்கின்றனர். ஒட்டோனாஷி என்னும் இளைஞன், தன் குடும்பப் பெயரைத் தவிர வேறெதுவும் நினைவில்லாத நிலையில் ஓர் இரவில் அந்த வளாகத்தில் விழித்தெழும்போது, பக்கத்திலேயே யூரி என்பவள் துப்பாக்கியால் குறிபார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் குறிவைப்பது மைதானத்தில் தனியாக நிற்கும் வெள்ளை முடிப் பெண்ணை. மாணவர் மன்றத் தலைவியான அப்பெண்ணின் பெயர் கனாடே. யூரி தலைமையில் திரண்டுள்ள மாணவர் படையினரோ அவளைக் கடவுளின் ஏவலாளாகக் கருதித் 'தேவதை' என்று அழைக்கின்றனர். தங்களுக்கு இத்தகைய வாழ்வை விதித்த கடவுளை எதிர்ப்பதே அப்படையின் நோக்கம்.

கதையும் திரைக்கதையும் இசையின் பெரும்பகுதியும் ஜுன் மயேதாவினுடையவை. அவர் கீ என்னும் நிறுவனத்தில் கண்ணீர் வரவழைக்கும் காட்சிக் கதை விளையாட்டுகளை, அதாவது படங்களோடு கதையை வாசித்துச் செல்லும் கணினி விளையாட்டுகளை, எழுதிப் பெயர் பெற்றவர். இயக்கியவர் செய்ஜி கிஷி. தயாரித்தது டொயாமா மாநிலத்தில் இயங்கும் பி.ஏ. வொர்க்ஸ் நிறுவனம். பள்ளி வளாகத்தின் தோற்றம் அதன் அண்டை மாநிலத்திலுள்ள கனஸாவா பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டது.

கேள்வி: என் மகளுக்குப் பதின்மூன்று வயது. வகுப்புத் தோழிகள் எல்லோரும் பார்க்கிறார்களாம். அனுமதிக்கலாமா?

ஆபாசம் இல்லை, வன்முறை உண்டு. ஏற்கெனவே இறந்தவர்கள் மீண்டும் இறக்க முடியாது என்பதால், இரண்டாம் பகுதியில் நிலத்தடிப் பொறிகளில் ஒவ்வொருவராக நசுங்கியும் துண்டாகியும் விழுவது நகைச்சுவையாகவே காட்டப்படுகிறது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் யூரியின் கடந்த காலம் வருகிறது. பெற்றோர் இல்லாத வேளையில் வீட்டுக்குள் புகுந்த கொள்ளையர்கள், விலையுயர்ந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடு என்று மூத்தவளான அவளை விரட்டி, பத்து நிமிடங்களுக்கு ஒருவராக அவளுடைய தங்கைகளையும் தம்பியையும் கொன்றுவிடுகின்றனர். காட்சியாக அதிகம் காட்டாவிட்டாலும், கேட்பதே கனமானது. என் கருத்தில் அந்த இரண்டாம் பகுதியை நீங்கள் முதலில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதைத் தாங்கக்கூடிய பிள்ளைக்கு மற்றவை கடினமாக இரா.

கேள்வி: படையினர் ஏன் வகுப்புக்குச் செல்வதில்லை? ஒழுங்காகப் பாடம் படித்தால் மறைந்துவிடுவோம் என்கிறார்கள். இது எனக்குப் பிடிபடவே இல்லை.

அவ்வுலகின் அடிப்படையே இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். அங்கே வந்து சேர்பவர்கள் அனைவரும் இயல்பான பள்ளிப் பருவம் வாய்க்காதவர்கள். ஒருத்தி படுக்கையிலேயே வளர்ந்தவள். ஒருவன் இறந்துபோன இரட்டைச் சகோதரனின் பெயரில் வாழும்படி தந்தையால் வற்புறுத்தப்பட்டவன். அவர்களுக்குக் கிடைக்காத அந்தப் பருவத்தை ஒருமுறை முழுமையாக வாழக் கொடுப்பதே அப்பள்ளியின் வேலை. வகுப்பு, தேர்வு, விளையாட்டுப் போட்டி, சிற்றுண்டிச்சாலை எல்லாம் அதற்காகவே இருக்கின்றன. மனம் நிறைந்தவுடன் அந்த ஆன்மா அங்கிருந்து விடைபெறுகிறது. யூரியின் படை இதை அழிவு என்று புரிந்துகொள்கிறது. எனவே நல்ல மாணவராக நடந்துகொள்ளாதிருப்பதே உயிர்பிழைக்கும் வழி என்று கருதி, உணவுச் சீட்டைக்கூடக் காசு கொடுத்து வாங்காமல், இசைக்குழுவை விட்டுப் பாடவைத்து, கூட்டம் திரண்டதும் ராட்சத விசிறிகளைச் சுழற்றிச் சீட்டுகளைக் காற்றில் பறக்கவிட்டுப் பொறுக்கிக்கொள்கிறது.

வேடிக்கை என்னவென்றால், நள்ளிரவில் திட்டம் தீட்டி, நண்பர்களோடு கும்மாளமடித்து, ஆசிரியர்களை ஏமாற்றித் திரியும் அந்தக் கலகமே அவர்கள் இழந்த பள்ளிப் பருவமாக அமைந்துவிடுகிறது. கனாடே முதலிலிருந்தே இதை அறிந்தவள். ஆனால் விளக்கத் தெரியாதவள். தாக்கினால் தடுப்பாள், கேட்டால் மட்டும் ஒரு வரியில் பதில் சொல்வாள். ஐந்தாம் பகுதியில் அவளுடைய தேர்வுத் தாள்களை மாற்றிவைத்துப் பதவியைப் பறித்த பின்னர், யாரும் தொடாத காரமான மாப்போ டோஃபு என்னும் சீன உணவுக்காக அவள் வாங்கிய சீட்டு காற்றில் பறந்து ஒட்டோனாஷியின் கைக்கு வருவதைக் கவனியுங்கள். இவளைப் பகைவி என்று நினைத்தது தவறோ என்ற ஐயம் ஒட்டோனாஷிக்கும் நமக்கும் ஒரே நேரத்தில் எழுவது அவ்விடத்தில்தான்.

கேள்வி: மண்ணிலிருந்து துப்பாக்கி செய்கிறார்கள், கனாடேவின் கையிலிருந்து வாள் முளைக்கிறது. இதற்கெல்லாம் விளக்கம் உண்டா?

உயிரற்ற எதையும் அதன் அமைப்பை மனத்தில் நன்கு அறிந்திருந்தால் மண்ணிலிருந்தே உருவாக்கலாம் என்பது அவ்வுலகின் விதி. கனாடே ஒரு கணினி மென்பொருளின் வழியாகத் தன் திறன்களை எழுதிக்கொள்கிறாள். அத்திறன்களின் பெயர்கள் மின் இசைக்கருவிகளின் ஒலி விளைவுகளிலிருந்து எடுக்கப்பட்டவை. இசையமைப்பாளர் எழுதிய கதை என்பதற்கு அது ஒரு கையொப்பம். இதற்குமேல் அதில் ஆழமில்லை.

கேள்வி: மூன்றாம் பகுதியில் இவாசாவா பாடி முடித்ததும் மறைந்துபோனது ஏன்? அந்தப் பாடல்களை யார் பாடினார்கள்?

படையின் இசைக்குழுப் பாடகியான இவாசாவா ஓயாமல் சண்டையிடும் பெற்றோரிடையே வளர்ந்து, இசையை மட்டுமே புகலிடமாகக் கண்டவள். அச்சண்டையை விலக்கப் போய்த் தந்தையின் கைப் பாட்டிலால் தலையில் அடிபடுகிறாள். அதன் விளைவாகப் பின்னர் பேச்சையே இழந்து, பாட முடியாமலேயே இறந்துபோகிறாள். அதுவரை அவளுடைய குழுவின் வேலை அதிரடியான பாடல்களால் கூட்டத்தின் கவனத்தைத் திருப்புவதுதான். அன்றோ ஆசிரியர்கள் மேடைக்கு வந்து குழுவினரைப் பிடித்துக்கொண்ட வேளையில், அவள் மின்சாரம் தேவைப்படாத சாதாரண கிதாரை மட்டும் கையிலேந்தித் தனக்காக எழுதிய மெதுவான பாடலைப் பாடுகிறாள். முடிந்தபோது மேடையில் கிதார் மட்டுமே கிடக்கிறது. சண்டையிட்டால்தான் இங்கே தங்க முடியும் என்று நம்பியிருந்த படையினருக்கு, மறைவது தண்டனையாக இல்லாமலும் இருக்கலாம் என்று முதன்முதலாகக் காட்டியவள் அவளே.

இவாசாவாவின் பாட்டுக்குரல் மரீனா என்னும் பாடகியுடையது, பேச்சுக்குரல் வேறொருவருடையது. அவளுக்குப்பின் குழுவில் பாடவரும் யுயிக்குப் பாட்டுக்குரல் தந்தவர் லிசா. ஆம், 2019இல் 'டீமன் ஸ்லேயர்' தொடரின் தொடக்கப் பாடலால் உலகம் முழுதும் அறியப்பட்ட அதே லிசாதான். இத்தொடரால் கிடைத்த கவனத்தைத் தொடர்ந்து 2011இல் தன் பெயரில் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டார்.

கேள்வி: பத்தாம் பகுதியைப் பார்த்து என் கணவர் சிரித்தார், நான் அழுதேன். ஹினாட்டா யுயியைத் திருமணம் செய்துகொள்வதாகச் சொல்வது திடீரென்று இல்லையா?

இருவரும் சரியாகவே பார்த்திருக்கிறீர்கள். யுயி சிறு வயதில் விபத்துக்குள்ளாகி, உடல் செயலிழந்து, தாயின் பராமரிப்பில் தொலைக்காட்சியைப் பார்த்தபடியே வாழ்ந்தவள். அவளுடைய ஆசைகள் அத்தனையும் திரையில் பார்த்தவை: மல்யுத்தப் பிடி போட வேண்டும், கால்பந்தில் ஐந்து பேரைக் கடந்து கோல் அடிக்க வேண்டும், பேஸ்பாலில் ஹோம் ரன் அடிக்க வேண்டும். தோழர்களை மனநிறைவோடு விடைபெறச் செய்ய முனைந்த ஒட்டோனாஷி ஒவ்வொன்றாக நிறைவேற்றி வருகையில், ஹோம் ரன் மட்டும் நாள்கணக்கில் இழுத்தும் கைகூடவில்லை. அது போதும், உடலை இவ்வளவு அசைத்ததே போதும் என்று சொல்லிவிட்டு, அவள் கடைசி ஆசையாகத் திருமணத்தைச் சொல்கிறாள். சொல்லிவிட்டு, எழுந்து நடக்கவோ வீட்டுவேலை செய்யவோ முடியாத என்னை யார் மணப்பார்கள் என்று தானே கேட்கிறாள். அந்த நொடியில்தான் படையினருள் ஒருவனான ஹினாட்டா குறுக்கிடுகிறான்.

திடீரென்று என்று நீங்கள் சொல்வதில் ஓரளவு உண்மையுண்டு. முந்தைய பகுதிகளில் இருவரும் சண்டை போட்டதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. ஆனால் அவன் சொல்லும் சொற்களைப் பாருங்கள். உயிரோடிருந்தபோது அவளைச் சந்தித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதை அவன் கற்பனை செய்கிறான்: அவள் வீட்டருகே பேஸ்பால் ஆடும்போது பந்து சன்னல் கண்ணாடியை உடைக்கிறது, அதை எடுக்கப் போனவன் படுக்கையிலிருக்கும் அவளைக் காண்கிறான், பேச்சுப் பிடித்துப்போகிறது, நாள்தோறும் வரத் தொடங்குகிறான். அவள் நடப்பாள் என்று அந்தக் கற்பனையில் எங்குமே சொல்லப்படவில்லை. படுத்த நிலையிலுள்ள அவளையே மணப்பதாகச் சொல்கிறான். தாய்க்கு இனிப் பாரமாக இருக்கவேண்டியதில்லையே என்று அவள் நெகிழ்வதும் அதனாலேயே. தொடரில் மிகக் கச்சிதமாக எழுதப்பட்ட சில நிமிடங்கள் இவை என்பேன்.

கேள்வி: ஒட்டோனாஷியின் இதயம் கனாடேவுக்குப் பொருத்தப்பட்டது என்பதை ஏற்க முடியவில்லை. கடைசி நேரத்தில் ஒட்டவைத்த திருப்பம் போலிருக்கிறது.

இதில் உங்களோடு முழுமையாக மாறுபடுகிறேன். இத்தொடரின் எலும்புக்கூடே அந்த இதயம்தான். தலைப்பிலேயே துடிப்பு இருக்கிறது. முதல் பகுதிக்குத் திரும்பிச் செல்லுங்கள். இங்கே யாரும் இறக்க முடியாது என்பதை நிரூபித்துக் காட்டு என்று ஒட்டோனாஷி கேட்க, கனாடே அவன் மார்பில் வாளைப் பாய்ச்சுகிறாள். அவனுக்கு இதயம் இல்லை என்பதை அப்போதே உணர்ந்ததாகக் கடைசிப் பகுதியில் அவள் கூறுகிறாள். பின்னர் அவன் அவள் மார்பில் தலைசாய்த்து உறங்குகையில் முழு நினைவும் திரும்புவதற்கும், தன் இதயத்தின் ஒலியையே அவன் கேட்டதுதான் காரணம்.

அந்த நினைவு இதுதான். நோயாளியான தங்கையை இழந்தபின் மருத்துவனாக முனைந்து படித்தவன், நுழைவுத் தேர்வுக்குச் செல்லும் வழியில் சுரங்கப்பாதை இடிந்து ரயிலோடு உள்ளே சிக்குகிறான். பயணிகளுக்கு முதலுதவி செய்து, இருக்கும் நீரையும் உணவையும் பங்கிட்டு, ஒரு வாரம் அவர்களைத் தாங்கிப்பிடிக்கிறான். சாவு உறுதி என்று தெரிந்ததும் தன் அட்டையில் உறுப்பு தான ஒப்புதலை எழுதுகிறான். அதைக் கண்டு மற்றவர்களும் எழுதுகின்றனர். மீட்புக் குழு வந்துசேரும் தருணத்தில் அவன் உயிர் பிரிகிறது.

ஜப்பானியப் பார்வையாளருக்கு அந்த எழுத்துப்பூர்வ ஒப்புதல் அலங்காரம் அன்று. அந்நாட்டில் உறுப்பு மாற்றுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1997 அக்டோபரில்தான். அதன்படி மூளைச்சாவு அடைந்தவர் தம் விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைத்திருந்து, குடும்பத்தினரும் மறுக்காதிருந்தால் மட்டுமே அப்போது உறுப்புகளை எடுக்க முடிந்தது. அச்சட்டத்தின் கீழ் முதல் தானமே 1999 பிப்ரவரியில்தான் நடந்தது. எழுதி வைக்காதவர்களுக்குக் குடும்பத்தின் ஒப்புதலே போதும் என்ற திருத்தம் முழுமையாக நடைமுறைக்கு வந்த நாள் 2010 ஜூலை 17, அதாவது தொடரின் கடைசிப் பகுதி ஒளிபரப்பாகிச் சரியாக மூன்று வாரங்களில். இது குறித்த விவாதம் நாடெங்கும் நடந்துகொண்டிருந்த காலத்தில் வந்த கதை இது.

இன்னொன்றும் உண்டு. கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்பதை அங்கே இருதரப்புக்கும் வெளிப்படுத்துவதில்லை. பெற்றவரின் நன்றிக் கடிதம் பெயரின்றி, இடைநின்று ஒருங்கிணைக்கும் அமைப்பின் வழியாகவே கொடுத்தவரின் குடும்பத்தைச் சேரும். கொடுத்தவரையே நேரில் கண்டு நன்றி சொல்வது என்பது உயிரோடுள்ளவருக்கு ஆகாத காரியம். கனாடேவை அவ்வுலகில் நிறுத்தியிருந்த ஒரே மனக்குறை அதுவே.

ஓர் இடறல் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். ஜப்பானில் இதயத்தை மாற்றிப் பொருத்த, கொடுப்பவர் மருத்துவமனையில் மூளைச்சாவு உறுதிசெய்யப்பட்டு, இதயம் துடித்துக்கொண்டிருக்கும் நிலையில் இருக்க வேண்டும். சுரங்கத்துக்குள் கண்மூடியவனிடம் அது எப்படி நிகழ்ந்தது என்பதைத் தொடர் காட்டாமல் கடந்துவிடுகிறது.

கேள்வி: அவன் இதயத்தைப் பெற்றவள் அவனுக்குப் பின்னர்தானே இறந்திருக்க வேண்டும்? பிறகு எப்படி அவனுக்கு முன்பே அங்கே இருக்கிறாள்?

இறந்த வரிசையும் அங்கே வந்துசேரும் வரிசையும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்று கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. தொடருக்குள் நேரடியான விளக்கம் கிடையாது.

கேள்வி: பன்னிரண்டாம் பகுதியில் நிழல்கள், கணினிகள், கடவுளாகும் வாய்ப்பு என்று ஏதேதோ வருகின்றன. எனக்கு மட்டும்தான் குழப்பமா?

உங்களுக்கு மட்டுமன்று. எப்போதோ அங்கே ஒருவன் தனக்கு முன் விடைபெற்ற காதலிக்காகக் காத்திருந்து, காத்திருப்பின் வேதனை தாங்காமல், தன்னையே, வகுப்பறைகளை நிரப்புவதற்காகவே அங்கிருக்கும் மனமற்ற பின்னணி மாணவர்களுள் ஒருவனாக மாற்றிக்கொள்ளும்படி நிரல் எழுதிவிட்டுப் போயிருக்கிறான். அவ்வுலகில் காதல் தோன்றினால் அந்நிரல் இயங்கி, நிழல்களை ஏவி ஆன்மாக்களை விழுங்கத் தொடங்கும். இதை ஒரே பகுதியின் பிற்பாதியில் உரையாடலாகக் கொட்டிவிட்டதுதான் குறை. இன்னும் மூன்று பகுதிகள் கிடைத்திருந்தால் இது தாங்கியிருக்கும். பெயரளவிலேயே நின்றுவிட்ட படையினர் பலர் ஒரே பகுதியில் திரைக்குப் பின்னால் விடைபெற்றுப் போவதும் இதே நெருக்கடியின் விளைவு. ஆனாலும் அந்நிரலை இயக்கும் கணினிகளை யூரி சுட்டு நொறுக்கும் காரணம் பொருத்தமானது: தம்பி தங்கைகளைக் காக்க முடியாதவள், இப்போது காக்க வேண்டியவர்கள் இவர்களே என்று உணர்ந்துவிட்டாள்.

கேள்வி: கடைசியில் ஒட்டோனாஷி 'என்னோடு இங்கேயே இரு' என்று கெஞ்சுவது எனக்கு எரிச்சலாக இருந்தது. அத்தனை பேரையும் அனுப்பிவைத்தவன் அவனேயல்லவா?

எரிச்சல் வரவேண்டும் என்றே அப்படி எழுதப்பட்டிருக்கிறது. ஐந்து பேர் மட்டும் நடத்தும் பட்டமளிப்பு விழாவில் உரையாற்றியவன், மற்றவர்களெல்லாம் போனபின் தன் கொள்கையைத் தானே மீறுகிறான். கனாடே அதே சொற்களை மீண்டும் சொல்லும்படி கேட்கிறாள். சொன்னால் அவள் மறைந்துவிடுவாள் என்று தெரிந்தும் அவன் சொல்கிறான். நேசிக்கிறேன் என்ற அவனது சொல்லுக்கு அவள் தரும் விடை, உயிர் கொடுத்ததற்கு நன்றி என்பதே. இதைக் காதல் காட்சி என்று மட்டும் பார்ப்பவர்களுக்கு அந்த விடை பொருந்தாததுபோல் தோன்றும். இதயத்தின் கதையாகப் பார்த்தால் அதைவிடப் பொருத்தமான விடை இல்லை.

கேள்வி: அப்படியானால் இருவரும் மறுபிறவி எடுத்துச் சந்தித்தார்களா, இல்லையா? இரண்டாம் பருவம் வருமா?

கடைசிப் பகுதியின் இறுதியில், தெருவோரம் இவாசாவாவின் பாடலை முணுமுணுக்கும் ஒரு பெண்ணை நோக்கி ஓர் இளைஞன் கைநீட்டுகிறான். டிவிடி, ப்ளூ-ரே வெளியீட்டில் சேர்க்கப்பட்ட மற்றொரு முடிவிலோ ஒட்டோனாஷி அங்கேயே மாணவர் மன்றத் தலைவனாகத் தங்கி, புதிதாக வருபவர்களை வழியனுப்பிக்கொண்டிருக்கிறான். இரண்டும் படைப்பாளர்கள் தந்தவையே. முதலாவதையே நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவது அவனைத் தண்டிப்பதுபோல் படுகிறது.

இரண்டாம் பருவம் வரவில்லை. 2015 ஜூன் 26 அன்று கீ நிறுவனம் காட்சிக் கதை விளையாட்டின் முதல் பாகத்தை வெளியிட்டது. இவாசாவா, யுயி, படையினருள் மற்றொருவனான மட்சுஷிதா ஆகியோரின் கதைகள் அதில் விரிவாக உள்ளன. அடுத்த பாகம் வெளிவரவில்லை. அதே ஆண்டு வந்த ப்ளூ-ரே தொகுப்பில் ஒரு கூடுதல் நகைச்சுவைப் பகுதி உண்டு. தொடரை முழுவதும் பார்த்து முடித்தபின் அதைப் பாருங்கள்.