கேளுங்கோ, சொல்லுறன்: 9 மில்லிமீற்றரோ 45ஓ?

கேள்வி: அண்ணே, என்ர மூத்தவர் அமெரிக்காவில டெக்சாஸில இருக்கிறார். பக்கத்து வீட்டில களவு போனதோட பயந்து, பிஸ்டல் ஒண்டு வாங்கப் போறாராம். 9 மில்லிமீற்றரோ 45ஓ எண்டு குடும்ப வட்ஸ்அப்பில ஒரே சண்டை. மச்சான்மார் எல்லாரும் 45 தானாம், பெரிய குண்டு, ஒண்டு பட்டாலே ஆள் முடிஞ்சுதாம். நீங்க என்ன சொல்லுறீங்க? - ஒரு வாசகர், உட்துறைமுக வீதி

பதில்: தம்பி, துவக்கைப் பத்திக் கதைக்க எங்கட ஊரில ஆக்களுக்குக் குறைவில்ல. சண்டைக்காலத்தில குப்புறப் படுத்துக் கிடந்து, இது ரி 56, இது பிப்டி கலிபர் எண்டு சத்தத்த வச்சே சொல்லிப் பழகின சனம்தானே நாங்க. ஆனா கேட்டுப் பழகினது வேற, சுட்டுப் பழகினது வேற. உங்கட மச்சான்மார் முதல் வகை எண்டு நினைக்கிறன், கோவிக்க வேணாம்.

கலிபர் எண்டா பெரிசா ஒண்டுமில்ல, குண்டின்ர விட்டம். 45 எண்டா ஒரு அங்குலத்த நூறாப் பிரிச்சு அதில 45 பங்கு, மில்லிமீற்றரில 11.4 சொச்சம். மற்றது 9. ரெண்டுக்கும் வித்தியாசம் ரெண்டரை மில்லிமீற்றர், ஒரு பயத்தங்கொட்டை அளவு கூட வராது. இதுக்குத்தான் இவ்வளவு சண்டை. (பேரை நம்பவும் ஏலாது, 38 எண்டு சொல்லுற ரிவோல்வர் குண்ட அளந்தா அங்குலத்த ஆயிரமாப் பிரிச்சு அதில 357 பங்குதான் வரும், 380 இல்ல, அதாலதான் 357 ரிவோல்வருக்குள்ள 38 தோட்டா போட்டுச் சுடுறாங்க.)

இந்தச் சண்டை அங்கயும் நடந்து முடிஞ்சுது. 1986 ஏப்ரல் 11ல மயாமியில ரெண்டு கொள்ளைக்காரரோட எஃப்பிஐ ஆக்கள் எட்டுப் பேர் சண்டை பிடிச்சாங்க, ரெண்டு அதிகாரி செத்துப் போனாங்க. ஒரு கொள்ளைக்காரனுக்கு ஆரம்பத்திலயே 9 மில்லிமீற்றர் குண்டு நெஞ்சுக்குள்ள போயும் இதயத்துக்குக் கிட்ட நிண்டிட்டுது, அவன் தொடர்ந்து சுட்டுக்கொண்டே இருந்தவன். உடன எல்லாரும் குண்டு காணாது எண்டிட்டு 10 மில்லிமீற்றருக்குப் போனாங்க, அது கையை உதறுற உதறலில பாதிப் பேருக்கு ஒத்து வரேல்ல, பிறகு 1990ல 40 எண்டு ஒண்டு வந்து நாடு முழுக்க பொலிசுக்குப் பரவிச்சுது. கடைசியில என்ன நடந்தது? 2015 அளவில எஃப்பிஐ திரும்பி 9 மில்லிமீற்றருக்கே வந்திட்டுது. இப்பத்தைய குண்டுகள் நல்லம், சதைக்குப் பதிலா வைக்கிற ஜெல் கட்டியில சுட்டுப் பாத்தா அவங்க கேக்கிற 12 அங்குல ஆழம் 9ம் போகுது. அதை விட முக்கியம், அதே ஆள் 9ஆல வேகமாவும் குறி தவறாமலும் சுடுறான், உதறல் குறைவு, மகசினுக்குள்ள குண்டும் கூடப் போகும். பெரிய குண்டு சுவரில படுறதுக்கு சின்னக் குண்டு ஆளில படுறது பெரிசு தம்பி.

ஆனா நான் பயப்படுறது அந்த ரெண்டரை மில்லிமீற்றருக்கில்ல. டெக்சாஸில 2021 செப்டம்பர்ல இருந்து 21 வயசு தாண்டின, சட்டத்தில தடையில்லாத ஆள் லைசன்ஸ் இல்லாமலே கைத்துவக்கு கொண்டு திரியலாம், ஒரு நாள் கூட பழக வேணும் எண்டு ஆரும் கேக்கமாட்டாங்க. வாங்கி அலுமாரியில வச்சா தைரியம் வந்திடும், கை பழகாது. அமெரிக்காவில டூலர் எண்டு ஒரு பொலிஸ்காரர் 1983ல எழுதினது, 21 அடி தூரத்தில கத்தியோட நிக்கிறவன் ஒன்றரைச் செக்கனில உங்களிட்ட வந்திடுவானாம். 21 அடி எண்டா உங்கட ஹோலில இருந்து குசினி வாசல். அந்த ஒன்றரைச் செக்கனில, நித்திரைத் தூக்கத்தில, இருட்டில, வாறது கள்ளனோ தண்ணி குடிக்க எழும்பின மகனோ எண்டு பாத்து, எடுத்து, சுட்டு... நினைச்சுப் பாருங்கோ. அதோட அங்க வீட்டுச் சுவர் எங்கட மாதிரி கல்லுச் சுவர் இல்ல, ஜிப்சம் பலகை, 9 எண்டாலும் 45 எண்டாலும் அதைத் துளைச்சு அடுத்த அறைக்குள்ள போகும். அங்க ஆர் படுத்திருக்கினம்?

அண்ணரிட்ட சொல்லுங்கோ, வாங்க முதல் சுடுற ரேஞ்ச் ஒண்டுக்குப் போய் ரெண்டையும் வாடகைக்கு எடுத்து ஐம்பது ஐம்பது சுடட்டும். எதில அஞ்சு குண்டும் ஒரு தேத்தண்ணிச் சோசர் அளவுக்குள்ள விழுதோ அதை வாங்கட்டும், மச்சான்மாரிட்ட கேக்க வேணாம். பிறகு நல்ல பயிற்சியாளரிட்ட ரெண்டு நாள், அதுக்குப் பிறகு மாசம் ஒருக்கா. பிள்ளையள் இருந்தா பூட்டுப் பெட்டி, அது பிஸ்டலோட சேத்தே வாங்கவேணும், "பிறகு பாப்பம்" இல்ல.

கேள்வி: அப்பாட 12 போர் துவக்கு லைசன்ஸ் என்ர பேருக்கு வந்திருக்கு. வயலுக்குப் பன்றி வருது, சில நாள் யானையும். வீட்டுப் பாதுகாப்புக்கும் உதவும்தானே, என்ன தோட்டா போடுறது? - ஒரு விவசாயி, தம்பலகாமம்

பதில்: 12 எண்டிறது மில்லிமீற்றரும் இல்ல அங்குலமும் இல்ல. ஒரு றாத்தல் ஈயத்த 12 சம உருண்டையா உருட்டினா ஒரு உருண்டை அந்தக் குழலுக்குள்ள சரியாப் போகும், அவ்வளவுதான், ஏறக்குறைய 18 அரை மில்லிமீற்றர். அதாலதான் 16 போர் அதை விடச் சின்னன்.

பன்றிக்கு எஸ்ஜி, அதான் பெரிய சன்னம் போட்ட தோட்டா, எண்டு உங்களுக்கே தெரியும். யானைக்குச் சுடவே வேணாம் அண்ணே. சட்டத்த விடுங்கோ, சன்னம் தோலுக்குள்ள நிண்டு சீழ் பிடிச்சு, அந்த யானை வலியோட திரும்பி வாற நாளில அகப்படுறது பக்கத்து வயல்காரன். வனஜீவராசிக் கந்தோரில யானை வெடி கேளுங்கோ.

எங்கட அப்புவும் ஒரு ரெட்டைக் குழல் வச்சிருந்தவர். எனக்கு முதல் ஆறு மாசம் தோட்டாவே தரேல்ல. சுட்டு முடிஞ்ச வெறுங் கோது ரெண்ட உள்ள போட்டு, குழல் நுனியில ரெண்டு ரூபாக் குத்தி ஒண்ட வச்சு, "இப்ப இழு" எண்டுவார். டிக். குத்தி விழுந்திடும். கிணத்தடியில நிண்டு வேலிப் பூவரசைக் குறி பாத்து, டிக், குத்தி விழும், குனிஞ்சு எடு, திரும்ப வை. விரலால இழுக்கிறதுக்குப் பதிலா முழுக் கையாலயும் இழுத்தா துவக்கு ஆடும், குத்தி காட்டிக் குடுக்கும். அது விழாமல் இருபது தரம் இழுத்த அண்டைக்குத்தான் ஒரு உண்மைத் தோட்டா தந்தவர், அதுவும் பூவரசுக்குப் பின்னால ஆர் நிக்கினம் எண்டு என்னையே போய்ப் பாத்திட்டு வரச் சொல்லிப்போட்டு. பின்னால மாமி வீட்டு ஆடு நிண்டது. அண்டைக்கும் சுடேல்ல.

நீங்களும் கோது போட்டுப் பழகுங்கோ, ஆனா ஒவ்வொரு தரமும் குழல முறிச்சுக் கண்ணால பாத்திட்டு. டிசம்பர் 31ஓட லைசன்ஸ் முடியும், மறக்காதீங்கோ. உப்புக்காத்துக்குத் துரு ஒரு கிழமையில பிடிக்கும், தையல் மெசின் எண்ணெய் தொட்டுத் துடைச்சு வையுங்கோ. கள்ளன் வந்தா எண்டு கேட்டீங்கள். தண்டனைச் சட்டக்கோவை 89ம் பிரிவில இருந்து தற்காப்பு உரிமை இருக்கு, ஆனா தேவைக்கு மிஞ்சினா உரிமை இல்ல. தேங்காய் களவெடுத்துக்கொண்டு ஓடுறவன்ர முதுகில சுட்டிட்டு தற்காப்பு எண்டு கோட்டில சொல்ல ஏலாது.

கேள்வி: அண்ணா, நான் விருந்தினர் விடுதி நடத்துறன், இரவில தனிய. பிஸ்டல் லைசன்ஸ் எடுக்கலாமா? - ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: தங்கச்சி, தற்பாதுகாப்புத் துவக்குக்குப் பாதுகாப்பு அமைச்சுத்தான் அனுமதி தரவேணும், லேசில கிடைக்காது. கிடைச்சவையளயும் 2024 நவம்பர்ல மீளாய்வுக்கு எண்டு வெலிசறை கடற்படைக்கிட்ட கொண்டுபோய் ஒப்படைக்கச் சொன்னவங்க. அந்தக் காசில கேற்றுக்கு நல்ல வெளிச்சம், கதவுக்கு உள்பூட்டு, 119 ஒரு அமத்தில போற மாதிரி ஃபோன், அதோட ஒரு நாய். நாய்க்கு எந்த கலிபர் எண்டு அடுத்த மாசம் கடிதம் போடாதீங்கோ.