உப்பளத்தில் ஒரு தீம் பார்க்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், கற்பனையில் ஒரு தீம் பார்க்கை வரைந்து பார்ப்பது எவ்வளவு நல்ல பொழுதுபோக்கு என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். பொருட்காட்சி அரங்குகளுக்கும் பூங்காக்களுக்கும் வரைபடம் போட்டே காலம் தள்ளியவள் நான். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தபோது உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது. இந்த இதழ் முழுவதும் அந்தக் கேள்விகளுக்கே.

பள்ளி நாட்களிலிருந்து நோட்டில் தீம் பார்க் வரைந்து வருகிறேன். இப்போது எங்கள் ஊர் உப்பளத்தையே கருவாக வைத்து ஒரு பார்க்கை முழுதாக உருவாக்க ஆசை. 40 ரைடுகளுக்குப் பெயர் எழுதிவிட்டேன், அதற்கு மேல் நகரவில்லை. "இதையெல்லாம் கட்டவா போறே?" என்று வீட்டில் கேட்கிறார்கள். கட்டாத பார்க்குக்கு இவ்வளவு மெனக்கெடலாமா?
– கல்லூரி மாணவர், தூத்துக்குடி

தாராளமாக மெனக்கெடுங்கள் தம்பி. கட்டிய பார்க்குகளும் முதலில் ஒரு தாளில்தான் இருந்தன. 1953 செப்டம்பரில் ஒரு சனி, ஞாயிறு முழுக்க வால்ட் டிஸ்னி பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, ஹெர்ப் ரைமன் என்ற ஓவியர் வரைந்து தள்ளினார். பணம் திரட்ட நியூயார்க் கிளம்பிய அண்ணன் ராய் டிஸ்னியின் கையில் கொடுத்தனுப்ப ஒரு படம் வேண்டியிருந்தது. உயரத்திலிருந்து பார்ப்பது போன்ற அந்தப் படத்தில் இருந்த கோட்டை, சுற்றி ஓடும் ரயில், நடுவிலிருந்து பிரியும் வழிகள் எல்லாம், 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவின் அனாஹைமில் திறந்த டிஸ்னிலேண்டிலும் இருந்தன. உங்களுக்கு அப்படிப் பணம் கேட்டுப் போக வேண்டிய அவசியம் இல்லை. யாரையும் சம்மதிக்க வைக்க வேண்டாம், மனசுக்குப் பிடித்தபடி போகலாம். எவ்வளவு பெரிய வசதி இது!

சரி, அந்த 40 ரைடு பட்டியலை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். உங்கள் பார்க்குக்கு வருகிறவர் ஏழெட்டு மணி நேரம் உள்ளே இருப்பார். ரைடில் உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் ஒரு மணி நேரம் தேறாது. மீதி நேரமெல்லாம் நடப்பார், வரிசையில் நிற்பார், சாப்பிடுவார், பிள்ளை எங்கே என்று தேடுவார். அந்த நேரத்தைத்தான் முதலில் வரைய வேண்டும். நடக்கும்போது எதைப் பார்த்துக்கொண்டு போகிறார், திரும்பினால் என்ன தெரிகிறது, எந்த இடத்தில் காற்றும் வாசனையும் மாறுகின்றன என்று ஒவ்வொன்றாக யோசியுங்கள்.

உப்பளம் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்களுக்கு வேண்டிய வழி அதிலேயே இருக்கிறது. உப்புத் தண்ணீர் பாத்தி பாத்தியாக நகரும். ஒவ்வொன்றிலும் வெயிலில் காய்ந்து செறிவு கூடும். அளத்தில் இந்தச் செறிவை டிகிரியில் சொல்வார்கள், வெப்பத்தை அளக்கும் டிகிரி அல்ல. கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி, 25 டிகிரியை எட்டும்போது உப்பு விளையத் தொடங்கும். இந்தப் பயணத்தையே உங்கள் பார்க்கின் பாதையாக்குங்கள். வருகிறவர் வாசலில் கடல்நீராக நுழைகிறார், கடைசிப் பாத்தியில் உப்பாக விளைகிறார். வழி நெடுகத் தண்ணீரின் நிறமும் மாறிக்கொண்டே வரட்டும். முதலில் நீலம், அப்புறம் பச்சை. செறிவு மிகுந்த பாத்திகளில் நுண்ணுயிர்களால் தண்ணீர் செம்மை தட்டும். உங்கள் ஊர் அளங்களுக்கு வரும் பூநாரைகளுக்கு அந்தச் செம்மைப் பகுதியில் இடம் கொடுங்கள். கடைசியில் எல்லாம் வெள்ளை. பெயர்ப்பலகை ஒன்றுகூட இல்லாமலேயே, தாம் எந்தப் பகுதியில் இருக்கிறோம் என்று ஒரு சிறுமிக்குத் தெரிந்துவிடும்.

பாதை முடியும் இடத்தில் ஓர் உப்பு மலை நிற்கட்டும், வாசலிலிருந்தே தெரிகிற உயரத்தில். டிஸ்னிலேண்டின் கோட்டை அந்த வேலையைத்தான் செய்கிறது. 77 அடிதான், ஆனால் மேலே போகப் போகக் கற்களைச் சிறிதாக அமைத்துக் கண்ணுக்கு உயரமாகக் காட்டியிருக்கிறார்கள். நமக்கு அனாஹைம் வரை போக வேண்டியதில்லை. மதுரையில் கோபுரம் தெரியும், அதை நோக்கி நடப்பீர்கள். கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று அடுக்கடுக்காக இருப்பதால் எந்த வீதியில் நிற்கிறீர்கள் என்பது காலுக்கே தெரியும். ஒருநாள் மாசி வீதியில் தேர் திரும்பும் மூலையில் நின்று, எவ்வளவு அகலம் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் பார்க்கில் மாலை ஊர்வலம் வைப்பதாக இருந்தால் அதைவிட நல்ல பாடம் கிடையாது.

உப்பு மலைக்குள் என்ன வைப்பது? வீட்டில் கல் உப்பை எடுத்து ஒரு பூதக்கண்ணாடி வழியே பாருங்கள். உப்புப் படிகம் கனசதுரம். பாத்தியில் நீர்ப்பரப்பின் மேல் விளையும் சில படிகங்களில் ஓரங்கள் வேகமாக வளர்ந்து நடுப்பகுதி பின்தங்கிவிடும். நான்கு பக்கமும் படி இறங்கும் தெப்பக்குளம் போல இருக்கும். அதை இருபது ஆள் உயரத்துக்குப் பெரிதாக்குங்கள். அந்தப் படிகளுக்கு நடுவே, அரை இருட்டில், மெதுவாக ஒரு வண்டி இறங்குகிறது. நான் இதை எழுதும்போதே அந்த வண்டியில் ஏற ஆசையாக இருக்கிறது!

அளவு போட்டு வரையுங்கள், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஏ3 அளவு கிராஃப் தாளில் 1 மில்லிமீட்டருக்கு 1 மீட்டர் என்று வைத்தால் முழுத் தாளும் 420 மீட்டருக்கு 297 மீட்டர், கிட்டத்தட்ட 30 ஏக்கர். ஒரு பார்க்குக்குப் போதுமான நிலம். அளவு போட்டதுமே உங்கள் 40 ரைடுகளில் பாதி வெளியே விழும், விழட்டும்.

கூட்டக் கணக்கையும் போட்டுவிடலாம். நாளுக்கு 8,000 பேர், 8 மணி நேரம், ஆளுக்கு 8 ரைடு என்றால் மணிக்கு 8,000 பேரை ஏற்றி இறக்க வேண்டும். 20 பேர் உட்காரும் படகு நிமிடத்துக்கு ஒன்று கிளம்பினால் மணிக்கு 1,200 பேர். அப்படி 7 ரைடு இருந்தால் கணக்கு நேராகிவிடும். சிறு ராட்டினங்களை நம்பினால் எண்ணிக்கை கூடும், பரவாயில்லை. மொத்தம் 12 என்று வையுங்கள். ஒவ்வொன்றையும் ஆசை தீர யோசிக்க நேரம் கிடைக்கும்.

கடைசியாக வெயில். வெள்ளைத் தரை கண்ணைக் கூசும், உப்பு மண்ணில் மரமும் எளிதில் வராது. ஆகவே நிழலை நீங்கள்தான் கட்ட வேண்டும். பனையோலைப் பந்தல் போட்ட நடை, பாதையின் ஓரத்தில் உட்கார உயரமான வரப்பு, ஒவ்வொரு திருப்பத்திலும் குடிதண்ணீர். வடகிழக்குப் பருவமழையில் அளத்தில் வேலை ஓய்ந்து உப்புக் குவியல்களை மூடி வைத்திருப்பார்கள் அல்லவா? உங்கள் பார்க்குக்கும் அந்த மாதங்களில் வேறு முகம் இருக்கலாம். மழைக்கால வரைபடம் என்று தனியாக ஒரு தாள் போடுங்கள். அதைப் பார்க்க நான் ஆவலாக இருக்கிறேன்.

என் கற்பனை ரோலர் கோஸ்டர் 30 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கி, அடுத்து 35 மீட்டர் மேட்டில் ஏறி, வட்டமான லூப்பில் சுற்றி வரும். கற்பனைதானே, விட்டுவிடலாமா? நண்பன் விடமாட்டேன் என்கிறான்.
– பொறியியல் மாணவி, திருச்சி

நண்பர் பக்கம்தான் நான். சங்கிலி இழுத்து மேலே கொண்டுபோய் விட்ட பிறகு வண்டிக்கு வேறு துணை இல்லை. அந்த உயரம்தான் அதன் மொத்தக் கையிருப்பு. 30 மீட்டரிலிருந்து விழுந்தால் உராய்வைக் கணக்கில் எடுக்காமல் மணிக்கு 87 கிலோமீட்டர் வேகம் வரும், ஆனால் 35 மீட்டர் ஏற முடியாது. இரண்டாவது மேட்டை 24, 25 மீட்டருக்குக் குறையுங்கள், அல்லது அங்கே இன்னொரு சங்கிலி வையுங்கள்.

லூப்பைச் சரியான வட்டமாகப் போடாதீர்கள். 1895இல் நியூயார்க் கோனி தீவில் ஃப்ளிப் ஃப்ளாப் ரயில்வே என்று வட்ட லூப்போடு ஒன்று ஓடியது. லூப்பில் நுழையும் இடத்தில் விழுந்த அழுத்தத்தில் கழுத்து வலியோடு இறங்கினார்கள். வட்டத்தின் உச்சியில் வண்டி விழாமல் நிற்க வேண்டுமானால், உராய்வே இல்லையென்றாலும், அடியில் உடம்பின் எடை குறைந்தது 6 மடங்காகத் தெரியும். 1976இல் கலிபோர்னியா மேஜிக் மவுன்டனில் வந்த ரெவல்யூஷன் கோஸ்டருக்கு ஜெர்மன் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல் தலைகீழ் நீர்த்துளி வடிவத்தில் லூப் போட்டார். மேலே வளைவு இறுக்கம், கீழே தளர்வு. வேகம் அதிகமான இடத்தில் வளைவு மெல்ல ஆரம்பிப்பதால் அழுத்தம் குறைகிறது. கையால் வரைந்து பாருங்கள், வட்டத்தைவிட அழகாகவும் இருக்கும்.

கற்பனைதான் என்று இயற்பியலை விட்டுவிட்டால், பார்க்கிறவருக்கு வயிற்றில் அந்தக் கூச்சம் வராது. வண்டி உண்மையாகவே ஓடும் என்று மனசு நம்பினால்தான் அது வரும்.

12 வயது மகன் எந்நேரமும் கம்ப்யூட்டரில் பார்க் கட்டும் விளையாட்டில் இருக்கிறான். திட்டலாமா, விடலாமா?
– இல்லத்தரசி, சேலம்

கண்ணுக்கும் தூக்கத்துக்கும் நேரக்கட்டுப்பாடு வையுங்கள் சகோதரி. திட்ட வேண்டாம். 1999இல் வந்த ரோலர் கோஸ்டர் டைகூன் விளையாட்டைக் கிறிஸ் சாயர் என்பவர் பெரும்பாலும் தனியாளாக எழுதினார். டிக்கெட் விலை, குப்பை, வரிசையின் நீளம், வாந்தி எடுக்கும் பார்வையாளர் வரை எல்லாம் அதில் கணக்குக்கு வரும். இப்படிப்பட்ட விளையாட்டில் பையன் நிறையக் கற்றுக்கொள்கிறான். என் ஆலோசனை ஒன்றுதான்: அடுத்த பார்க்கை முதலில் தாளில் போட்டுவிட்டு, பிறகு திரையில் கட்டச் சொல்லுங்கள். திரையில் கைக்குக் கிடைத்த மரத்தை நடுவான். தாளில் அது என்ன மரம் என்று அவன்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம், ஒருநாள் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போங்கள். டெல்லி அப்பளக் கடை எந்த இடத்தில் இருக்கிறது, அங்கிருந்து ராட்டினம் தெரிகிறதா, மரணக் கிணற்றின் சத்தம் எவ்வளவு தூரம் கேட்கிறது, எந்தச் சத்தத்துக்குக் கூட்டம் திரும்புகிறது என்று அவனையே குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

பிரபலமான கார்ட்டூன் பாத்திரங்கள் இல்லாவிட்டால் குழந்தைகளுக்குப் பிடிக்குமா? சொந்தமாக உருவாக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது.
– ஆசிரியை, கோவை

பிடிக்கும். நெதர்லாந்தின் எஃப்டலிங் பூங்காவில் 1952இல் அமைத்த தேவதைக் கதைக் காடு, ஊர் ஊராகச் சொல்லப்பட்ட பழைய கதைகளை வைத்து ஆன்டன் பீக் என்ற ஓவியர் கைப்பட வடிவமைத்தது. அங்கே பிள்ளைகள் தேடிப்போய்ப் பார்க்கிற ஒருவர் யார் தெரியுமா? ஹோலே போலே கைஸ் என்ற தொந்திக்காரக் குப்பைத்தொட்டி. "பேப்பர் இங்கே" என்று கூப்பிட்டு, திறந்த வாயால் காகிதத்தை உறிஞ்சிக்கொண்டு நன்றி சொல்வார். பிள்ளைகள் கீழே கிடப்பதைப் பொறுக்கிக்கொண்டுவந்து ஊட்டுகிறார்கள். பூங்காவுக்கு எப்படியும் வேண்டிய ஒரு சாமானுக்கு முகமும் பசியும் கொடுத்தார்கள், அவ்வளவுதான். உங்கள் பார்க்கில் எப்படியும் இருக்க வேண்டிய தண்ணீர்க் குழாய், டிக்கெட் கவுன்டர், காலணி வைக்கும் இடம் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டால் ஒரே மணி நேரத்தில் பெயர், குரல், கோபம் எல்லாம் வந்து சேரும்.

வரைந்து முடித்ததை யாரிடம் காட்டுவது?
– வாசகர், கரூர்

10 வயதுப் பிள்ளை ஒன்றிடமும், மூட்டு வலி உள்ள பாட்டி ஒருவரிடமும். வாசலில் விரலை வைத்து, போக நினைக்கிற வழியெல்லாம் நகர்த்தச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்காதீர்கள், விளக்கம் சொல்லாதீர்கள். பிள்ளையின் விரல் எங்கே ஓடுகிறது, எங்கே குழம்பித் திரும்புகிறது என்று பென்சிலால் குறியுங்கள். பாட்டி முதலில் கேட்பது உட்கார இடம் எங்கே, கழிப்பறை எங்கே என்பதாகத்தான் இருக்கும். இரண்டுக்கும் பதில் அந்த வரைபடத்திலேயே தெரியவில்லையென்றால், அடுத்த தாளை அங்கிருந்து ஆரம்பியுங்கள்.