டிரைவ் ஏறவில்லை என்றால் சம்மட்டியைத் தேடாதீர்கள்

படகு எஞ்சின்: வாசகர் கேள்வி – பதில்

மழை அடங்கியதும் மும்பைத் துறைமுகத்தைச் சுற்றிக் கரையேற்றி வைத்த படகுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குப் போகும். எங்கள் மஜ்காவ் பட்டறையில் செப்டம்பர் மாதம் முழுக்க மதியச் சோறு நாலு மணிக்குத்தான். இந்த முறை வந்த கடிதங்களிலும் பாதிக்கு மேல் ஸ்டெர்ன்டிரைவ் அலைன்மென்ட், அதாவது எஞ்சினும் டிரைவும் ஒரே கோட்டில் நிற்பது, பற்றியே இருந்ததால், இந்த இதழை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டெர்ன்டிரைவ் படகில் எஞ்சின் உள்ளே, படகின் பின்சுவரான அமரத்துப் பலகையை ஒட்டி உட்கார்ந்திருக்கும். கியரும் புரொப்பல்லரும் கொண்ட டிரைவ் பலகைக்கு வெளியே தொங்கும். 1959இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் வால்வோ பென்டா அக்வாமேட்டிக் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. 1961இல் மெர்க்ரூஸரும் வந்துவிட்டது. எஞ்சின் இருந்த இடத்தில் இருக்க, டிரைவ் மட்டும் இடமும் வலமும் திரும்பும், மேலும் கீழும் தூக்கும். நம் தொல்லையெல்லாம் இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான்.

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். மாண்ட்வாவில் நிற்கும் ஒரு 24 அடி படகைப் பராமரிக்கிறேன். வி-8 பெட்ரோல் எஞ்சின், மெர்க்ரூஸர் ஆல்பா டிரைவ். கிம்பல் பேரிங் இரைந்ததால் மழைக்கு முன் மாற்றினோம். டிரைவைத் திரும்ப ஏற்றும்போது கடைசி இரண்டு அங்குலம் போகவே இல்லை. நாலு பேர் தள்ளியும் போகாததால் நட்டைப் போட்டு முடுக்கி இழுத்துவிட்டோம். இப்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால் உறுமுகிறது. புது பேரிங்கே மட்டமான சரக்கா?
– வாசகர், செம்பூர்

பதில்: தம்பி, முதல் வேலையாகப் படகை ஓட்டுவதை நிறுத்துங்கள். பேரிங்கைக் குறை சொல்வதற்கு முன் அந்த இரண்டு அங்குலத்தைப் பார்க்க வேண்டும்.

டிரைவின் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு, பலகையில் உள்ள கிம்பல் பேரிங் வழியாகப் போய், எஞ்சினோடு சுழலும் ஃபிளைவீல் சக்கரத்தில் பூட்டிய கப்ளர் என்ற இணைப்பின் பல்லுக்குள் உட்கார வேண்டும். பேரிங் ஒரு துளை, கப்ளர் ஒரு துளை. இரண்டும் ஒரே கோட்டில் இருந்தால் தண்டு தானாக வழுக்கிக்கொண்டு போகும். எஞ்சினின் மூக்கு கொஞ்சம் தாழ்ந்தோ உயர்ந்தோ இருந்தால் தண்டு பேரிங்கைத் தாண்டும், கப்ளரின் வாயில் முட்டி நிற்கும். உங்களுக்கு நின்றது அங்கேதான். நட்டைப் போட்டு இழுத்தபோது கோணல் சரியாகவில்லை. அது அப்படியே உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டது. இனி ஒவ்வொரு சுற்றிலும் தண்டு பேரிங்கை ஒரு பக்கமாக நெருக்கும், கப்ளரின் பல்லைத் தேய்க்கும்.

நானும் இதைச் செய்தவன். தொழிலுக்கு வந்த மூன்றாவது வருஷம், எனக்குத் தொழில் சொல்லித்தந்த உஸ்தாத் ஊருக்குப் போயிருந்த நேரத்தில், ஒரு டிரைவை இப்படித்தான் நட்டால் இழுத்துப் பூட்டினேன். படகு ஓடியது. இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை, எலிபெண்டாவிலிருந்து திரும்பும் வழியில் கப்பல் பாதையின் நடுவே நின்றுபோனது. உள்ளே இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். இழுத்து வந்து பிரித்தபோது உஸ்தாத் ஒன்றும் பேசவில்லை, கப்ளருக்குள் விரலை விட்டுப் பார்க்கச் சொன்னார். பல் இருந்த இடம் எவர்சில்வர் டம்ளரின் உள்பக்கம் மாதிரி வழுவழுவென்று இருந்தது. விரலை எடுத்தால் நுனியெல்லாம் செம்மண் நிறத்தில் துரு மாவு. அந்த வழுவழுப்பு இன்றைக்கும் என் விரலில் இருக்கிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. டிரைவைக் கழற்றுங்கள். கிம்பல் பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள். பட்டுப்போல் சுற்றினால் பிழைத்தது. மணல் அரைப்பது போல நரநரவென்றால் போயிற்று, இன்னொன்று வாங்கத்தான் வேண்டும். பேரிங்கை இறக்கும்போது அதைச் சுற்றியுள்ள வளையத்தின் வெட்டு, கிரீஸ் வரும் துளைக்கு நேராக இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். வளையம் திரும்பி உட்கார்ந்தால் வெளியே நிப்பிளில் எவ்வளவு அடித்தாலும் கிரீஸ் உள்ளே போகாது. புது பேரிங் சீக்கிரம் இரைய இதுவும் காரணம்.

அப்புறம் ‘அலைன்மென்ட் பார்’ என்ற கம்பியை எடுங்கள். டிரைவின் தண்டுக்குப் பதிலாக உள்ளே விட்டுப் பார்ப்பது அது. அதன் பல்லுள்ள நுனியில் மெல்லிசாக, சந்தனம் பூசுவது போலக் கிரீஸ் தடவுங்கள். பேரிங் வழியாகக் கப்ளருக்குள் விடுங்கள். கிம்பல் பேரிங் தன் கூட்டுக்குள் கொஞ்சம் சாயக்கூடியது. அது கோணியிருந்தால் பாரின் வெளிநுனியைப் பக்கவாட்டில் லேசாகத் தட்டினால் நேராகிவிடும். பாரை உள்ளே தள்ளுவதற்காகப் பின்னாலிருந்து ஒரு அடியும் அடிக்கக் கூடாது. இரண்டு விரலால் தள்ளினால் போக வேண்டும், இரண்டு விரலால் இழுத்தால் வர வேண்டும். எனக்குத் தெரிந்த அளவுகோல் அதுதான்.

வெளியே எடுத்த பாரை வெளிச்சத்தில் பிடித்துக் கிரீஸைப் படியுங்கள். சுற்றிலும் எல்லாப் பல்லும் ஒரே அளவு பதிந்திருந்தால் சரி. மேலே மட்டும் அழுந்தி, கீழே தடவிய கிரீஸ் கலையாமல் இருந்தால் எஞ்சின் உயரம் தவறு. எஞ்சினைத் தாங்கும் கால்களான மவுண்டுகளில், பின் மவுண்டுகள் பலகையோடு நிலையாக இருப்பவை, முன் மவுண்டுகளில்தான் ஏற்ற இறக்கம். பூட்டு நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் சமமாகக் கால் திருகு மட்டும் திருப்பி, மறுபடி பாரை விட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய வைத்தால் எஞ்சின் சாய்ந்து உட்காரும். பதிவு சரியானதும் எஞ்சினைக் கையால் கால் சுற்று சுற்றி மறுபடி பாருங்கள். இப்படி ஒரு முழுச் சுற்று. எல்லாம் முடிந்து பூட்டு நட்டை முடுக்கிய பிறகு இன்னொரு முறை. இந்தக் கடைசிச் சோதனையைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். முடுக்கும்போதே மயிரிழை நகர்ந்துவிடும்.

டிரைவை ஏற்றும்போது கன்ட்ரோல் லீவர், டிரைவ் இரண்டும் முன் கியரில் இருக்கட்டும். ஒருவர் புரொப்பல்லரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருந்தால் பல் பல்லோடு தானாகக் கோத்துக்கொள்ளும். டிரைவ் கையாலேயே பலகையைத் தொட்ட பிறகுதான் நட்டை எடுக்க வேண்டும்.

கேள்வி: எஞ்சின் ஆர்.பி.எம். சரசரவென்று ஏறுகிறது, படகு அந்த அளவுக்கு ஓடுவதில்லை. ஒருமுறை ரப்பர் கருகிய வாசம் வந்தது. ஒரு மெக்கானிக் கப்ளர் போய்விட்டது, எஞ்சினைத் தூக்க வேண்டும் என்கிறார். செலவை நினைத்தால் பயமாக இருக்கிறது.
– வாசகர், மாட்டுங்கா

பதில்: அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் எஞ்சினைத் தூக்குவதற்கு முன் ஒரு மார்க்கர் பேனா வாங்குங்கள். புரொப்பல்லரின் நடுக்குழலுக்குள்ளும் ரப்பரோ பிளாஸ்டிக்கோ ஆன ஒரு புஷ் இருக்கும். எங்காவது இடித்தால் கியர் உடையாமல் அது வழுக்க வேண்டும் என்பதற்காக வைத்தது. தண்டிலிருந்து புரொப்பல்லர் வரைக்கும் குறுக்காக ஒரே கோடாகப் போட்டு, படகை நன்றாக முடுக்கி ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு முறிந்து விலகியிருந்தால் வழுக்குவது புரொப்பல்லர். செலவு சின்னது.

கோடு அப்படியே இருந்தால் டிரைவைக் கழற்றி, டார்ச் அடித்துக் கப்ளரைப் பாருங்கள். பல் தேய்ந்திருந்தால் துருப் பொடி. நடு ரப்பர் கிழிந்திருந்தால் ஃபிளைவீல் கூட்டுக்குள் கரும்பொடி சிதறியிருக்கும். இரண்டில் எது என்றாலும் எஞ்சினை நகர்த்தித்தான் ஆக வேண்டும். அப்படிச் செய்தால் பழைய கப்ளர் ஏன் போனது என்று மெக்கானிக்கிடம் கட்டாயம் கேளுங்கள். அலைன்மென்ட் பார்க்காமல் புதுக் கப்ளர் போட்டால் அதுவும் பழையதன் வழியே போகும்.

கேள்வி: வருஷா வருஷம் அலைன்மென்ட் செய்கிறோம். ஆறு மாதத்தில் மறுபடி கெட்டுவிடுகிறது. 15 வருஷப் பழைய ஃபைபர் படகு. மவுண்டையும் மாற்றியாயிற்று.
– வாசகர், சயான்

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் இரண்டு முறை படித்தேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. நீங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நட்டைத் திருப்பவில்லை, எஞ்சின் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குவதை அளந்துகொண்டிருக்கிறீர்கள்.

அந்தக் காலத்து ஃபைபர் படகுகள் பலவற்றில் அமரத்துப் பலகைக்குள் பிளைவுட் இருக்கும். எஞ்சின் உட்காரும் நீளக் கட்டைகளும் மேலே ஃபைபர் போர்த்திய மரம்தான். ஏதோ ஒரு திருகு ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் உள்ளே ஊறி உளுத்துப்போகும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். சென்ற வருஷம் பார்த்த ஒரு படகில் முன் மவுண்டின் மரத்திருகை ஸ்பேனர் போடாமல் விரலாலேயே கழற்றி எடுத்தேன். நுனியில் ஊறிய தேயிலைத் தூள் மாதிரி மரம் ஒட்டிக்கொண்டு வந்தது.

ஸ்க்ரூடிரைவரின் பிடியால் பலகையை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் டக்கென்று பதில் சொல்லும். ஊறிய இடம் பொத்தென்று அமுங்கிய ஓசை தரும். சந்தேகப்பட்ட இடத்தில் படகின் உள்பக்கமிருந்து மட்டும் 3 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். வருகிற தூள் வெளிறிக் காய்ந்திருந்தால் எபாக்ஸியால் அடைத்துவிடலாம். கறுத்து, ஈரமாக, புளித்த வாசத்தோடு வந்தால் அலைன்மென்ட்டை மறந்துவிட்டுப் பலகை வேலைக்கு ஆள் பாருங்கள். பெரிய செலவு, தெரிந்தேதான் சொல்கிறேன். டிரைவின் முழு எடையும் தள்ளு விசையும் அந்தப் பலகையில்தான் இருக்கிறது.

இன்னொன்று. அளக்கும்போது படகு எதன்மேல் உட்கார்ந்திருந்தது? இங்கே யார்டுகளில் இரண்டு டிரம், நாலு கட்டை வைத்து நிறுத்திவிடுகிறார்கள். எஞ்சினுக்கு நேர் கீழே தாங்கல் இல்லாவிட்டால் அடிப்பாகமே தொய்யும். அந்தத் தொய்வில் எடுத்த அளவு தண்ணீரில் இறங்கியதும் பொய்யாகிவிடும்.

கேள்வி: தூத்துக்குடியில் அப்பா விசைப்படகு வைத்திருக்கிறார். நீள ஷாஃப்ட் எஞ்சின். அதற்கும் இந்தப் பார் போட்டுப் பார்க்கலாமா?
– வாசகர், தாராவி

பதில்: நம்ம ஊர்க்காரர்! பார் வேண்டாம், அந்த முறையே வேறு. ஷாஃப்ட் கப்ளிங், கியர் கப்ளிங் இரண்டின் முகங்களும் சேரும் இடத்தில், போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு, மேல், கீழ், இடம், வலம் என்று நாலு இடத்தில் ஃபீலர் கேஜ் என்ற இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை விட்டுப் பார்க்க வேண்டும். கப்ளிங்கின் குறுக்களவு ஒவ்வொரு அங்குலத்துக்கும் 0.001 அங்குல வித்தியாசம் வரை பொறுக்கலாம் என்பது தொழிலில் உள்ள பொதுக் கணக்கு. 4 அங்குலக் கப்ளிங் என்றால் 0.004. கரையில் பார்த்தாலும், முடிவான அளவை வெள்ளோட்டத்துக்கு முன் தண்ணீரில், டீசலும் நிரப்பிய பிறகு எடுக்கச் சொல்லுங்கள். மரப்படகாக இருந்தால் தண்ணீரில் ஒன்றிரண்டு நாள் ஊறி உருவம் கூடிய பிறகு. ஸ்டெர்ன்டிரைவில் இந்த வசதி இல்லை. டிரைவைக் கழற்றினால் பலகையில் ஓட்டை திறந்துவிடும் என்பதால் கரையிலேயே முடிக்க வேண்டியிருக்கிறது. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கேள்வி: அலைன்மென்ட் பாரை இங்கே லேத்தில் கடைந்துகொள்ளலாமா? எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?
– வாசகர், ஆண்டாப் ஹில்

பதில்: லேத்தில் வேண்டாம். பாரின் கனத்தில் சிறு வித்தியாசம் இருந்தாலும் அது காட்டும் பதிவை நம்ப முடியாது. என்ன டிரைவ் என்று சொல்லி வாங்குங்கள். மெர்க்ரூஸர் ஆல்பாவுக்கும் பிராவோவுக்கும் ஒரே பார் போதும். நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொண்டாலும் சரிதான்.

100 மணி நேர ஓட்டம் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அப்போது பாருங்கள். எஞ்சினை எந்தக் காரணத்துக்காகத் தூக்கியிருந்தாலும், படகு தரைதட்டியிருந்தாலும் கணக்கைப் பார்க்காமல் உடனே பாருங்கள். டிரைவைக் கழற்றிய கையோடு தண்டைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் மடிப்புக் குழாயான ரப்பர் பெல்லோஸின் மடிப்புகளை விரலால் விரித்து வெடிப்பு இருக்கிறதா என்றும் தேடுங்கள். இங்கே வற்றத்தில் சேற்றில் உட்கார்ந்து எழும் படகுகளுக்கு மடிப்புக்குள் சேறும் சிப்பியும் ஏறிக் குத்திக்கொண்டிருக்கும். உள்ளே கையை விட்டுத் துடைத்துப் பாருங்கள். துணியில் ஈரமும் துருவும் வந்தால் பெல்லோஸை மாற்றாமல் படகை இறக்காதீர்கள். அந்த வழியில் வரும் உப்புத் தண்ணீர்தான் முதலில் கிம்பல் பேரிங்கைத் தின்னும்.