கோவையில் இறைத்த பம்ப் குன்னூரில் ஏன் திணறுகிறது?

கேள்வி: குன்னூர் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். தீயணைப்புக்காகப் புதிதாக ஒரு பெட்ரோல் பம்ப் வாங்கினோம். சக்‌ஷன் ஹோஸ் 75 மி.மீ., ஒன்பது மீட்டர் நீளம். கோவையில் விற்பனையாளர் நாலு மீட்டர் ஆழத் தொட்டியிலிருந்து ஓட்டிக் காட்டியபோது இருபது விநாடியில் தண்ணீர் எடுத்தது, இரண்டு பிரான்ச்சும் (ஹோஸ் நுனியில் பிடித்து நீரடிக்கும் குழாய்) நன்றாக அடித்தன. இங்கே எங்கள் கிணற்றில் நீர்மட்டம் ஐந்தரை மீட்டர். தண்ணீர் ஏறவே ஒன்றரை நிமிடம் ஆகிறது. ஒரு பிரான்ச் பரவாயில்லை. இரண்டாவதைத் திறந்தால் பம்புக்குள் ஜல்லி உருளுவது போலச் சத்தம் வந்து நீரடிக்கும் வேகம் விழுந்துவிடுகிறது. பம்பில் கோளாறு இல்லை என்கிறார்கள். ஹோஸின் அடிமுனையில், நீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு போட்டால் சரியாகுமா?

பதில்: விற்றவர் சொன்னது பெரும்பாலும் உண்மைதான். பம்ப் மாறவில்லை, ஊர் மாறிவிட்டது.

பம்ப் தண்ணீரை உறிஞ்சி இழுக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அது செய்வது ஹோஸுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுவது மட்டுமே. கிணற்று நீரின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வெளிக்காற்றுதான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அந்தக் காற்றால் 10.3 மீட்டர் வரை தள்ள முடியும். 411 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோவையில் அது சுமார் 9.8 மீட்டர். குன்னூர் 1,850 மீட்டர் உயரம், அங்கே 8.3 மீட்டர்தான். மலையேறியதிலேயே ஒன்றரை மீட்டர் போய்விட்டது. உங்கள் கிணறு அந்தத் தொட்டியைவிட ஒன்றரை மீட்டர் ஆழம். ஆக, மூன்று மீட்டர் பின்தங்கித்தான் தொடங்குகிறீர்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 8.3இல் ஐந்தரை போனால் மீதி 2.8 மீட்டர். ஹோஸின் உராய்வு, அதன் அடிமுனை வடிகட்டியான ஸ்ட்ரெய்னரில் ஏற்படும் தடை, தண்ணீருக்கு வேகம் கொடுப்பது, பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லருக்குத் தேவையான அழுத்தம் எல்லாம் இந்த 2.8க்குள் அடங்க வேண்டும். நீங்கள் பிரான்ச்சில் 20 மி.மீ. முனை (நாசில்) போட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். முனையில் மூன்றரை பார் அழுத்தம் இருந்தால் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 லிட்டர் விடும். 75 மி.மீ. ஹோஸில் 500 லிட்டர் ஓட ஒரு மீட்டர் அளவுக்கு இழப்பு. இரண்டாவது பிரான்ச்சைத் திறந்தால் 1,000 லிட்டர். ஓட்டம் இரட்டித்தால் இழப்பு இரட்டிப்பதில்லை, நாலு மடங்காகும். இருப்பது 2.8, தேவை நாலு. போதாமல் போகும் இடத்தில் இம்பெல்லரின் வாயிலேயே நீர் ஆவிக் குமிழாகிறது. அந்தக் குமிழ்கள் உடையும் சத்தம்தான் உங்கள் ஜல்லி. அந்த நேரத்தில் பலரும் டிராட்டிலைக் கூட்டுவார்கள். கூட்டினால் நிலைமை மோசமாகும், இம்பெல்லர் அரித்துப்போகும். சத்தம் கேட்டதும் டிராட்டிலைக் குறையுங்கள், அல்லது பம்பிலிருந்து நீர் வெளியேறும் ஒரு டெலிவரியைப் பாதி மூடுங்கள்.

கைக்காசு அதிகம் செலவாகாத முதல் மருந்து, முனையை மாற்றுவது. 12.5 மி.மீ. முனை இதே அழுத்தத்தில் சுமார் 195 லிட்டர்தான் விடும். இரண்டு பிரான்ச் சேர்ந்தாலும் 400ஐத் தொடாது. அது உங்கள் கிணற்றால் தாங்கக்கூடிய அளவு. மெலிந்த அடி என்று முகம் சுளிக்காதீர்கள். வாடவைக்கும் தொட்டிகளிலும் டிரையர் பக்கத்திலும் படிந்திருக்கும் தேயிலைத் தூசு மேல் தடித்த அடி விழுந்தால் தூசு மேகமாகக் கிளம்பும், அதில் தீ தாவும். அங்கே தூறல் போல விடுவதுதான் பாதுகாப்பு.

தண்ணீர் ஏற ஒன்றரை நிமிடம் ஆவது தனி விஷயம். ஆழத்தை மட்டும் அதற்குக் குறை சொல்ல முடியாது. முப்பது, நாற்பது விநாடிக்குள் ஏற வேண்டும், ஏறாவிட்டால் நிறுத்திவிடுங்கள். உலர்ந்து ஓடினால், சுழல்தண்டில் நீர் கசியாமல் காக்கும் மெக்கானிக்கல் சீல் கருகும். உங்களுக்கு எங்கோ ஏர் பிடிக்கிறது, அதாவது வெளிக்காற்று உள்ளே நுழைகிறது என்று சந்தேகிக்கிறேன். சோதித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. பம்பை முழுக்க வடித்து, டெலிவரிகளை மூடி, சக்‌ஷன் ஹோஸ்களை மாட்டி, கடைசி முனையை மூடியால் அடைத்து, காற்றை வெளியேற்றும் பிரைமரை இயக்குங்கள். சமவெளியில் கேஜ் 560 மி.மீ. (பாதரச அளவு) வெற்றிடம் காட்ட வேண்டும். குன்னூரில் முழு வெற்றிடமே சுமார் 610தான் என்பதால் 460 வந்தால் போதும். பிறகு எஞ்சினை நிறுத்தி முள்ளைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் 250 மி.மீ. வரை இறங்கலாம் என்கிறது அமெரிக்க அளவுகோல். எனக்கு அது தாராளமாகத் தெரிகிறது. ஒரு நிமிடத்தில் 25 இறங்கினாலே நான் கப்ளிங் வாஷர்களைக் கழற்றிப் பார்ப்பேன். பத்தில் எட்டு முறை குற்றவாளி ஒரு மணல் துகளோ, காய்ந்து வெடித்த வாஷரோதான்.

ஓடும்போதும் அந்த முள்ளே பேசும். தண்ணீரை ஐந்தரை மீட்டர் ஏற்ற அது 400ஐ ஒட்டி நிற்கும். 400க்குக் கீழே தள்ளாடினால் காற்று நுழைகிறது. 500ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போய் அடி குறைந்தால் ஸ்ட்ரெய்னரில் இலை, சருகு அடைத்திருக்கிறது. சில்வர் ஓக் சருகு இதற்குப் பேர்போனது. ஸ்ட்ரெய்னரைச் சுற்றி ஒரு பிரம்புக் கூடை கட்டுவது பழைய வழக்கம், இன்றும் அதற்கு ஈடில்லை. ஸ்ட்ரெய்னர் நீருக்குள் இரண்டடியாவது மூழ்கியிருக்கட்டும், சேற்றைத் தொடாமல் கயிற்றில் தொங்கட்டும். கிணற்றுச் சுவர் விளிம்பில் ஹோஸ் பம்பைவிட உயரமாக வளைந்து போனால் அந்த முதுகில் காற்று தங்கிவிடும். பம்பை நோக்கி ஹோஸ் ஏறிக்கொண்டே வர வேண்டும்.

ஃபுட் வால்வு கேட்டீர்களே. பயிற்சி நாட்களில் நிறுத்தி நிறுத்தி ஓட்ட உதவும், நீர் இறங்கிப்போகாமல் பிடித்து வைக்கும். ஆனால் ஓட்டத்துக்குத் தடையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. உங்களிடம் இருக்கும் 2.8இல் அதற்கும் பங்கு கொடுப்பீர்களா?

ஆழத்தைக் குறைக்க பம்பையே கிணற்றுக்குள் ஒரு தட்டில் இறக்கி வைக்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். பெட்ரோல் எஞ்சினைக் கிணற்றுக்குள் ஒருபோதும் இறக்காதீர்கள். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு உள்ளேயே தேங்கி, ஸ்டார்ட் செய்யப் போனவரைச் சாய்த்துவிடும். அவரைத் தூக்கப் போனவரையும்.

உங்கள் ஊருக்கு நான் சொல்வது வேறு. மலைச்சரிவு உங்கள் எதிரியல்ல. தொழிற்சாலைக்கு மேலே முப்பது மீட்டர் உயரத்தில் ஒரு தொட்டி கட்டினால், எஞ்சினே இல்லாமல் மூன்று பார் அழுத்தம் கீழே வந்து நிற்கும். 50,000 லிட்டர் தொட்டி, இரண்டு 12.5 மி.மீ. முனைகளுக்கு இரண்டு மணி நேரம் தாங்கும். அதே சரிவில் பம்பைக் கீழே வைத்து மேல்நோக்கி அடித்தால், பத்து மீட்டருக்கு ஒரு பார் வீதம் இழப்பீர்கள். இதுவும் கோவையில் தெரியாத இழப்பு. கிணற்றிலிருந்து தொட்டிக்கு ஏற்ற ஒரு நீர்மூழ்கி மோட்டார் போதும். அவசரத்தில் மெயின் மின்சாரத்தை வெட்டுவார்கள் என்பதால் அதற்குத் தனி இணைப்பு வேண்டும்.

இன்னொன்று. மெல்லிய காற்றில் எஞ்சினும் களைக்கும். கோவையில் கொடுத்த வலுவில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் குன்னூரில் குறைந்திருக்கும். கார்புரேட்டரில் மலைக்கு ஏற்ற ஜெட் (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் சிறு துளை) போட முடியுமா என்று விற்றவரிடமே கேளுங்கள்.

எது எப்படியானாலும், தீ என்றதும் முதல் வேலை 101க்கு அழைப்பது, பம்பை இழுப்பது அதற்குப் பிறகு. கிணற்றின் ஆழத்தை நல்ல கோடையில் ஒருமுறை கல் கட்டிய கயிற்றால் அளந்துவிடுங்கள்: தரையிலிருந்து அல்ல, பம்பின் நடுவிலிருந்து. ஆறேகால் மீட்டரைத் தாண்டினால் முனையை மாற்றியும் பயனில்லை, தொட்டி வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.