குவைத் ஈராக்கின் 19-வது மாகாணம் ஆனபோது நான் அங்கே இருந்தேன்

கேட்கப்பட்ட கேள்வி: வலிமையான நாடு ஒன்று ஒரு சிறிய இறையாண்மை நாட்டைத் தன்னோடு இணைத்துக்கொண்டால் அது சட்டப்படி செல்லுமா? செல்லாது என்று காகிதத்தில் எழுதி வைப்பதால் யாருக்கு என்ன பயன்?

செல்லாது. இன்னொரு நாட்டின் எல்லை மீதோ அரசியல் சுதந்திரத்தின் மீதோ படைபலத்தைக் காட்டக் கூடாது, காட்டுவேன் என்று மிரட்டவும் கூடாது என்கிறது ஐ.நா. சாசனத்தின் 2(4) பிரிவு. நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிப்பவராக இருந்தால் இது போதும். கேள்வியின் இரண்டாம் பாதிதான் என்னைச் சுட்டது. அந்தக் காகிதத்தால் பயன் அடைந்தவன் நான்.

1990-ல் குவைத்தில் ஃபர்வானியா பக்கம் ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பர் வேலை. ஆகஸ்ட் 2 விடிவதற்குள் ஈராக் படை உள்ளே வந்துவிட்டது. குவைத்துக்காரர்களே புரட்சி செய்து தங்களை அழைத்தார்கள் என்று பாக்தாத் சொன்னது. ஒரு பொம்மை அரசையும் உட்கார வைத்தார்கள். 8-ம் தேதி, அந்த அரசே கேட்டுக்கொண்டதாகச் சொல்லி இணைப்பை அறிவித்தார்கள். மாதக் கடைசியில் குவைத் 19-வது மாகாணம், குவைத் நகரத்தின் பெயர் காதிமா.

எங்களுக்கு அது உறைத்தது காசில்தான். குவைத் தினார் அப்போது மூன்று டாலருக்கு மேல். ஈராக் தினாருக்குச் சந்தையில் அதில் சிறு பங்குகூடக் கிடையாது. இரண்டும் இனி சமம் என்று உத்தரவு போட்டார்கள். பிறகு குவைத் நோட்டே செல்லாது என்றார்கள். தங்கைகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் கண்முன்னே கரைந்தது. பத்தாக்கா என்ற அடையாள அட்டை, இக்காமா என்ற குடியிருப்பு அனுமதி எல்லாம் இல்லாத ஒரு நாட்டின் சீட்டுகளாகிவிட்டன.

இடையில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டகத்தில் இருந்தது. அவர் கோடை விடுமுறைக்கு வெளிநாடு போயிருந்தார். வேலைக்கு வந்தவனின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைக்கும் இந்த வழக்கம் வளைகுடாவில் இன்னமும் பல இடங்களில் நடக்கிறது. எந்தப் படையெடுப்பும் இல்லாமலே எங்களைப் பிணையாக வைத்திருந்தது அது. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள், இருந்தாலும் எனக்கு ஆறவில்லை. இந்தியத் தூதரகம் கொடுத்த தற்காலிகப் பயண ஆவணத்தோடு பஸ்ரா, பாக்தாத், ஜோர்டான் பாலைவன முகாம் என்று அலைந்து, அம்மானில் ஏர் இந்தியா விமானம் ஏறினேன். அப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் வந்து சேர்ந்தோம்.

சரி, காகிதத்துக்கு வருகிறேன். இணைப்பு அறிவித்த மறுநாளே, ஆகஸ்ட் 9-ல், ஐ.நா. பாதுகாப்பு அவை 662-ம் தீர்மானத்தைப் போட்டது: இந்த இணைப்புக்கு எந்தச் சட்ட மதிப்பும் இல்லை, எந்த நாடும் இதை ஏற்கக் கூடாது. பொருளாதாரத் தடைக்கு வாக்களிக்காமல் ஒதுங்கிய கியூபாவும் யேமனும்கூட இதற்குக் கை தூக்கின. குவைத் ஒருகாலத்தில் உஸ்மானியத் துருக்கியரின் பஸ்ரா மாகாணத்தைச் சேர்ந்தது என்ற வாதமும் எடுபடவில்லை. 1963-லேயே குவைத்தின் சுதந்திரத்தை ஏற்று ஈராக் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

அந்தத் தீர்மானம் ஒரு டாங்கியையும் நிறுத்தவில்லை, உண்மைதான். 1991-ல் அமெரிக்கா தலைமையில் கூட்டுப் படை வந்துதான் ஈராக் படையைக் குவைத்திலிருந்து விரட்டியது. ஆனால் படையெடுப்பே சட்டவிரோதம் என்று ஆனதால்தான் 1991-ல் 687-ம் தீர்மானம் நஷ்டத்துக்கெல்லாம் ஈராக்கைப் பொறுப்பாக்கியது. ஜெனீவாவில் இழப்பீட்டு ஆணையம் வந்தது. ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கு அதற்குப் போனது. குவைத்தை விட்டு ஓடி வந்த தனியாளுக்கு, வேறு கோரிக்கை வைக்காவிட்டால், 4,000 டாலர். வருடக்கணக்கில் காத்திருந்தாலும் எனக்கு அது வந்தது. கடைசித் தவணையை 2022-ல்தான் கட்டி முடித்தார்கள், மொத்தம் 5,240 கோடி டாலர். அன்று அந்த இணைப்பை உலகம் ஏற்றிருந்தால், நான் ஈராக்கின் ஒரு மாகாணத்தில் வேலையை விட்டுவிட்டு வந்தவன், அவ்வளவுதான்.

நான் வக்கீல் இல்லை. அமெரிக்காவுக்கு வக்காலத்து வாங்கவும் வரவில்லை. 2003-ல் ஈராக் மீது அவர்கள் படையெடுத்ததையும் நான் ஏற்கவில்லை. எண்ணெய் இருந்ததால்தானே உலகமே ஓடி வந்தது என்று சிலர் கேட்பார்கள். படை வந்ததற்கு எண்ணெயும் காரணம், ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியாவைப் பாருங்கள். 1940-ல் சோவியத் விழுங்கிய அந்த மூன்று நாடுகளில் எண்ணெய்க் கிணறுகளுக்காக யாரும் படை அனுப்பவில்லை. ஆனாலும் அமெரிக்கா உட்படப் பல நாடுகள் அந்த இணைப்பைக் கடைசிவரை ஏற்கவில்லை, அமெரிக்காவில் அவர்களின் பழைய தூதரக அலுவலகங்கள் இயங்கிக்கொண்டே இருந்தன. 1990-91-ல் அவர்கள் புது நாடு கேட்டு வரவில்லை. பழைய அரசைத்தான் மீட்டார்கள். எஸ்தோனியாவும் லாட்வியாவும் 1940-ல் குடிமக்களாக இருந்தவர்களுக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும் அதே குடியுரிமையைத் திருப்பிக் கொடுத்தன.